அலையில் சறுக்கும் மரப்பலகையோடு ஆறு வருடம்

இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில் உள்ள கார்ன்வாலுக்குக் குடிவந்த முதல் கோடையில், கடைவாசலில் தொங்கிய, அலையில் சறுக்கும் தெர்மாகோல் போர்டு ஒன்றை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினேன். மூன்றாவது அலையில் இரண்டாக முறிந்தது. வெள்ளை மணிகளை மணலில் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா வெறும் ஒட்டுப்பலகை ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தண்ணீருக்குள் போனார். ஒரு அலை வந்தது. பலகையோடு சறுக்கிக் கரைமணலில் வந்து நின்றவர், எழுந்து திரும்பவும் உள்ளே போனார். அன்று பிடித்த கிறுக்கு இது.

இதற்கு இங்கே பெல்லிபோர்டு என்று பெயர். வயிற்றை வைத்துப் படுத்து அலையில் சறுக்கும் பலகை. முதல் உலகப் போருக்குப் பிறகு இந்தக் கடற்கரைகளில் பரவியது. நின்று ஓட்டும் சர்ஃபிங் பரவலானதெல்லாம் 1960களில்தான். அகதா கிறிஸ்டிகூட 1922இல் தென்னாப்பிரிக்காவின் மியூசன்பெர்கில் இப்படிப் படுத்துத்தான் பழகினார். எங்கள் பக்கத்து சேப்பல் போர்த் கடற்கரையில் 2003இல் இதற்கென்றே ஒரு உலகப் போட்டி தொடங்கினார்கள். மரப்பலகை மட்டும்தான், வெட்சூட் (குளிர் தாங்கும் ரப்பர் உடை), கால் துடுப்பு எதுவும் கூடாது. அந்தக் குளிரில் அதுவே பாதிப் போட்டி.

இதுவரை மூன்று பலகை செய்துவிட்டேன். அளவு மூன்றுக்கும் ஒன்றுதான்: 120 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம். முதலாவது சாதாரண 9 மி.மீ. பிளைவுட். ஒரே சீசனில் ஓரமெல்லாம் ஊறி, அடுக்கடுக்காகப் பிரிந்துவிட்டது. தண்ணீர் தாங்கும் பசையால் ஒட்டிய மரைன் பிளைவுட்டே வாங்குங்கள், அதில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள்.

இரண்டாவது மரைன் பிளைவுட்தான். ஆனால் பலகையின் உயிரே மூக்கில் இருக்கிறது. முன்பக்கம் கொஞ்சம் மேல்நோக்கி வளைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அலை தூக்கிய கையோடு மூக்கு தண்ணீருக்குள் குத்தி, ஆளைக் குப்புறக் கவிழ்த்துவிடும். பழைய துண்டுகளைச் சுற்றி, கொதிக்கிற நீரை ஊற்றி ஊற்றி, மர அச்சில் கிளாம்ப் போட்டு இரண்டு நாள் விட்டேன். அழகாக வளைந்தது. முதல் கோடை ராஜபோகம். அடுத்த கோடையில் ஏன் அடிக்கடி உப்புத்தண்ணீர் குடிக்கிறேன் என்று புரியவில்லை. பலகையைத் தரையில் வைத்துப் பார்த்தால், நான்கு விரல் இருந்த வளைவு இரண்டு விரலாகக் குறைந்திருந்தது. நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்து, மரம் தன் பழைய நிலைக்கே திரும்பிக்கொண்டிருந்தது.

அப்புறம்தான் மூன்றாவது. 4 மி.மீ. தகடுகள் இரண்டு, நடுவில் எபாக்சி பசை, அதே அச்சு. மெல்லிய தகடு சுடுநீர் இல்லாமலே வளைந்துகொடுக்கிறது. பசை இறுகியதும் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொள்கிறது. நான்கு வருடமாகியும் அந்த வளைவில் கண்ணுக்குத் தெரிந்த மாற்றம் இல்லை.

ஓட்டுவதற்குப் பெரிய வித்தை தேவையில்லை. இடுப்பளவு தண்ணீரில் கரையைப் பார்த்து நின்று, பலகையின் வாலை அடிவயிற்றில் முட்டுக்கொடுத்து, உடைந்து வரும் நுரை முதுகைத் தொடுவதற்கு ஒரு நொடி முன்னால் காலை உதைத்துப் பாய வேண்டும். சீக்கிரம் பாய்ந்தால் அலை தலைக்கு மேல் போய்விடும். தாமதித்தால் நுரை மட்டும்தான் மிஞ்சும். சரியாக மாட்டினால் தாடைக்குக் கீழே தண்ணீர் தகரத்தில் மழை பெய்கிற மாதிரி படபடக்கும். தெர்மாகோலில் அந்தச் சத்தம் வராது.

குறைகளும் உண்டு. இந்தப் பலகை ஆளை மிதக்க வைக்காது. கால் எட்டாத ஆழத்துக்கு இதை நம்பிப் போகவே கூடாது. உயிர்காப்பாளர்கள் கண்காணிக்கும் சிவப்பு-மஞ்சள் கொடிகளுக்கு நடுவேதான் நிற்கிறேன். சேப்பல் போர்த்தில் கடல் ஏறினால் மணலே காணாமல் போகும், அதனால் நீர் வற்றும் நேரம் பார்த்துத்தான் கிளம்ப வேண்டும். அந்த நேரத்து ஆழமில்லாத மணலில்தான், முதுகில் விஷமுள் உள்ள வீவர் மீனும் புதைந்து கிடக்கும். ஒருமுறை மிதித்துவிட்டு, பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் கால் வைத்து உட்கார்ந்தேன். தேள்கடி தோற்றது. விலா எலும்பில் அடிபட்ட கணக்கு தனி.

பராமரிப்பு என்றால் சீசன் முடிந்ததும் உப்புத்தாள் போட்டு ஒரு கை வார்னிஷ், அவ்வளவுதான். இந்த மார்ச்சில் வால் ஓரத்தில் கட்டைவிரல் அகலத்துக்குக் கருப்பாக ஈரக்கறை. சுரண்டி, ஒரு வாரம் காயவிட்டு, எபாக்சி பூசியிருக்கிறேன். நடுவில் மகள் தனக்கென்று ஒன்று கேட்கிறாள். அச்சு ஷெட்டில்தான் கிடக்கிறது. தகடு வாங்க வேண்டும்.