செடி வளர்த்த மண்போர்வை: மூடிய சுரங்கத்தின் கழிவுக்குவியலுக்குப் போடலாமா?

கந்தகக் கனிமம் கலந்த கழிவுப்பாறைக் குவியலை வறண்ட அல்லது அரைவறண்ட பகுதியில் மூட வேண்டுமா? தடித்த மண்ணைப் பரப்பி அதன்மேல் புல்லும் புதரும் வளர்க்கும் போர்வையைத் தாராளமாகப் பரிந்துரைக்கிறோம். மூன்று நான்கு மாதம் விடாமல் மழை கொட்டும் இடத்தில் அதை மட்டும் நம்பிப் போடச் சொல்ல மாட்டோம்.

இதைக் கூரை என்று நினைப்பவர்கள்தான் ஏமாறுகிறார்கள். இது ஒரு தொட்டி. பெய்யும் மழையை மண் பிடித்து வைத்துக்கொள்ளும். வெயில் நாட்களில் வேர்கள் அதை உறிஞ்சி இலை வழியாக வெளியேற்றும். தொட்டி நிரம்பினால் மிச்சம் கீழே பாறைக்குள் இறங்கி, பைரைட் என்னும் இரும்புக் கந்தகக் கனிமத்தோடு சேர்ந்து அமில நீராக அடிவாரத்தில் கசியும்.

ஆகவே முதலில் தொட்டியின் கொள்ளளவைக் கணக்கிட வேண்டும். வயல் கொள்திறனிலிருந்து (உபரி வடிந்தபின் மண் பிடித்து வைக்கும் நீர்) வாடல் நிலையை (செடி வாடும்போது மண்ணில் மிஞ்சும் நீர்) கழித்தால் கிடைப்பதே பயன்படும் இடம். மணலும் வண்டலும் களியும் கலந்த நல்ல இருமண்பாட்டு மண்ணில் இவை ஏறத்தாழ 27, 12 சதவீதம் என்று வைத்தால், 1 மீட்டர் தடிமனுக்கு 150 மி.மீ. நீர் தங்கும். மணலில் பாதிகூடத் தேறாது. அடுத்து, செடிகளும் வெயிலும் எடுப்பதைவிட மழை மிஞ்சும் மாதங்களின் உபரியைக் கூட்டுங்கள். 240 மி.மீ. வந்தால் இந்த மண் 1.6 மீட்டர் வேண்டும். சராசரி ஆண்டை வைத்துப் போட்ட கணக்கு உதவாது. பதிவிலுள்ள மிக ஈரமான ஆண்டையும், அடுத்தடுத்து வந்த ஈரமான ஆண்டுகளையும் வைத்துப் போட வேண்டும். வேர் 60 செ.மீ.க்குக் கீழே போகாவிட்டால் அதற்கடியில் தங்கிய நீரை எடுக்க ஆளில்லை, 1.6 மீட்டர் என்பது காகிதத்தில்தான் இருக்கும்.

வேர் ஏன் இறங்குவதில்லை? பெரும்பாலும் அதற்குக் காரணம் ரோலர். சாலை போடும் பழக்கத்தில் மண்ணை இறுக்கி விடுகிறார்கள். செடி வளரும் இந்த வளர்மண்ணுக்கு ஸ்டாண்டர்ட் பிராக்டர் அடர்த்தியில் (ஆய்வகத்தில் குறித்த அளவு இடித்து எட்டும் உச்ச அடர்த்தி) 80 முதல் 90 சதவீதம் போதும். மண் ஈரமாக இருக்கும்போது பரப்பக் கூடாது. பரப்பிய மண்மேல் டிப்பரை ஓட விடாமல், அகலச் சங்கிலி கொண்ட இலகுவான டோசரால் தள்ளி விடுவதே சரி. வண்டி போன தடத்தை ஆழமாகக் கீறி விட்ட பிறகே விதைக்க வேண்டும். சரிவின் உச்சியிலிருந்து மண்ணை மொத்தமாகக் கொட்டினால் பெரிய கட்டிகள் உருண்டு அடியில் சேரும்; நீர் அந்த இடுக்குகளில் குறுக்குவழி கண்டுபிடித்துவிடும்.

மெல்லிய இறுக்கிய களிமண் அடுக்கை மட்டும் நம்புவது எங்களுக்கு உடன்பாடில்லை. ஆஸ்திரேலியாவின் ரம் ஜங்கிள் யுரேனியச் சுரங்கத்தில் 1980களில் போட்ட போர்வையில் 225 மி.மீ. இறுக்கிய களிமண், அதன்மேல் 250 மி.மீ. மணற்பாங்கான களிமண், மேலே 150 மி.மீ. பருக்கை மணல் என மூன்றே மெல்லிய அடுக்குகள். மழையில் 5 சதவீதத்துக்குள் ஊடுருவலை நிறுத்துவதே இலக்கு. தொடக்க ஆண்டுகளில் நின்றது. பிறகு ஊடுருவல் கூடியது. அத்தனை மெல்லிய காப்புக்கு அடியில் களிமண் கோடையில் காய்ந்து வெடிக்கும். வெடிப்பில் வேர் நுழையும், கறையான் துளை போடும். ஒருமுறை வெடித்த களிமண் மறுபடி நனைந்தாலும் பழைய இறுக்கத்துக்கு முழுதாகத் திரும்புவதில்லை. களிமண் வேண்டுமென்றால் அதன்மேல் தடித்த வளர்மண் இருக்கட்டும்.

நயமான மண்ணுக்கு அடியில் 30 செ.மீ. அளவுக்கு ஜல்லி பரப்பினால் நல்ல பலன் உண்டு. நயமண் கிட்டத்தட்ட நிறையும்வரை நீர் ஜல்லிக்குள் இறங்காது. அதே தடிமன் கூடுதல் நீரைப் பிடிக்கும். கீழிருந்து உப்பும் அமிலமும் மேலேறி வேரைக் கருக்குவதையும் அது தடுக்கும். இரண்டுக்கும் நடுவே மண் ஜல்லிக்குள் உதிராதபடி வடிகட்டி அடுக்கு வேண்டும்.

செடியில் ஒரே புல்லை விதைப்பது பெரிய தவறு. மழை எந்தப் பருவத்தில் பெய்தாலும் அப்போது பசுமையாக இருக்கும் ஏதோ ஒன்று வேண்டும். மேலே வேர் பின்னும் புல், ஆழமாக இறங்கும் பல்லாண்டுப் புதர், இரண்டும் அந்த மண்ணுக்குரிய இனங்களாக இருப்பது நல்லது. முதல் இரண்டு மூன்று ஆண்டுகள், செடி பிடிக்கும்வரை, போர்வை முழுத்திறனில் இயங்காது. அந்தக் காலத்தில்தான் அரிப்பும் அதிகம். சரிவு 3க்கு 1ஐ (கிடையாக 3 மீட்டருக்கு 1 மீட்டர் உயரம்) விடச் செங்குத்தாக வேண்டாம். மேல்மண்ணில் கால்பங்கு பருக்கைக்கல் கலந்தால் நீர் வாய்க்கால் வெட்டுவது குறையும். உச்சிப்பரப்பில் 3 முதல் 5 சதவீதச் சாய்வு விடுங்கள். குவியல் அமுங்கிக் குழி விழுந்தால் அங்கே தேங்கும் நீர் நேரே உள்ளேதான் போகும்.

போர்வை வேலை செய்கிறதா என்று பார்க்கக் குட்டி லைசிமீட்டர் (மண்ணுக்கடியில் இறங்கும் நீரைப் பிடித்து அளக்கும் தட்டு) புதைப்பவர்களை நம்பாதீர்கள். அடித்தட்டில் நீர் சொட்ட மண் முழுதும் நனைய வேண்டும். பக்கத்து மண்ணோ அப்போதும் நீரை இழுத்துக்கொண்டிருக்கும். நீர் கருவியைச் சுற்றிப் போய்விடும், அளவி பூஜ்யம் காட்டும், எல்லாரும் மகிழ்வார்கள். 10க்கு 20 மீட்டர் போன்ற பெரிய தட்டு, உயரமான பக்கச்சுவர், கூடவே பல ஆழங்களில் ஈரப்பத உணரி: இதற்குக் குறைந்து ஒப்புக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்றையும் விற்பவர்கள் சொல்வதில்லை. வறண்ட நிலையில் இயங்கும் போர்வை ஆக்சிஜனைத் தடுக்காது. ஆக்சிஜன் நீரில் பரவும் வேகம் காற்றில் பரவுவதில் ஏறத்தாழ 10,000இல் ஒரு பங்கு. ஆகவே மண் துளைகள் 85 சதவீதமாவது நீரால் நிறைந்திருந்தால்தான் தடுப்பு. இந்தப் போர்வை அப்படி நிறைந்திருக்காது என்பதால் பைரைட் உள்ளே ஆக்சிஜனேற்றம் அடைந்துகொண்டே இருக்கும். குறைவது அதைக் கழுவி வெளியே கொண்டுவரும் நீர் மட்டுமே. 1 மி.மீ. குறைந்தால் ஹெக்டேருக்கு 10 கன மீட்டர் மிச்சம் என்பதால் இதுவே பெரிய லாபம்தான். ஆனால் குவியலுக்குள் முன்பே தேங்கிய நீர் வடியப் பல ஆண்டுகள் ஆகும். அடிவாரக் குளத்தையும் சுண்ணாம்புச் சுத்திகரிப்பையும் அதுவரை ஓட்டுவதற்கான பணத்தைப் போர்வைக் கணக்கிலேயே சேர்த்து வையுங்கள்.