கள்ளுக்குப் பில் கிடையாது

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். பெயரைச் சொல்ல மாட்டேன், எங்கள் கடைசித் தவணை இன்னும் அவர்கள் கையில்தான் இருக்கிறது. கோயம்புத்தூரில் உள்ள ஓர் அறக்கட்டளை என்பதோடு விட்டுவிடுங்கள். அவர்கள் தரும் சேவை இதுதான்: தனியாகப் படம் எடுக்கிறவர்களின் படத்தைத் தங்கள் திட்டங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொள்வார்கள், நன்கொடை அவர்கள் கணக்குக்குப் போகும், கொடுத்தவருக்கு வருமான வரிக் கழிவுக்கான 80ஜி ரசீது கிடைக்கும், 8 சதவீதத்தை நிர்வாகச் செலவுக்கு எடுத்துக்கொண்டு மீதியை நாம் பில் காட்டக் காட்டத் தவணையாக விடுவார்கள்.

நாங்கள் கொழிஞ்சாம்பாறைக்காரர்கள். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. வீட்டில் தமிழ், ரேஷன் கார்டில் மலையாளம். படம் கடைமடை விவசாயி ஒருவரைப் பற்றியது. பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் சித்தூர்ப் பக்கத்துக்கு வர வேண்டும், ஆனால் வாய்க்காலின் கடைசியில் நிற்கிறவனுக்கு அந்தக் கணக்கு காகிதத்தில்தான் தெரியும். இந்தக் கதைக்கு எந்தத் தயாரிப்பாளர் வருவார்? சென்னையில் ஒருவர் முழுசாகக் கேட்டுவிட்டு, "ஹீரோ கடைசியில் அணையை உடைப்பாரா?" என்றார். அதற்குப் பிறகுதான் நன்கொடைப் பக்கம் திரும்பினோம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கணக்கு சுத்தம். 94 பேரிடமிருந்து 6,80,000 ரூபாய் வந்தது, 54,400 பிடித்தார்கள், மீதி 6,25,600. ஒரு ரூபாய் இங்கே அங்கே போகவில்லை, எப்போது கேட்டாலும் ஒரே நாளில் விவரம் அனுப்பினார்கள். எங்களோடு பேசிய பெண் பொறுமைசாலி, எங்கள் கொங்குத் தமிழைக் கேட்டுச் சிரிப்பாரே தவிர ஒருநாளும் சலித்துக்கொண்டதில்லை.

விண்ணப்பம் மட்டும் முழுக்க ஆங்கிலம். தமிழ்ப் படத்துக்குத் தமிழ்நாட்டில் இருக்கும் அறக்கட்டளையிடம் ஆங்கிலத்தில்தான் கேட்க வேண்டுமாம். பெங்களூருவில் கலைகளுக்கு நிதி தரும் ஐ.எஃப்.ஏ. நிறுவனம் இந்திய மொழி எதிலும் எழுதலாம் என்கிறது, இவர்களுக்கு மட்டும் என்ன கஷ்டமோ. அதில் ஒரு கேள்வி: "பயனாளிகள் எத்தனை பேர்?" பார்க்கிறவர்கள் எல்லோரும் என்று எழுதினேன். திரும்பி வந்தது. எண் வேண்டுமாம். கடைசியில் நான்கு தமிழ்வழிப் பள்ளிகளில் திரையிடுவோம் என்று எழுதி, பிள்ளைகளின் எண்ணிக்கையைப் போட்டுக் கொடுத்தோம். எரிச்சலோடு எழுதினோம் என்பதை ஒளிக்கவில்லை. ஆனால் படம் முடிந்து பார்த்தால் அந்தத் திரையிடல்கள்தான் எங்களுக்குக் கிடைத்த ஆகச் சிறந்த காட்சிகள், ஒரு பையன் எழுந்து "எங்க தாத்தாவும் இப்படித்தான் ராத்திரி மடைக்குக் காவலிருப்பாரு" என்றான், அதைக் கேட்க எந்தப் பட விழாவுக்கும் போக வேண்டியதில்லை.

அடுத்து ரசீது. நம் ஆட்கள் பலர் 80ஜி என்றதும் கொடுத்த காசு முழுவதும் வரியில் திரும்பி வரும் என்று நினைக்கிறார்கள். இந்த மாதிரி அறக்கட்டளைகளுக்குக் கொடுப்பதில் பெரும்பாலும் பாதித் தொகைதான் வருமானத்திலிருந்து கழியும், அதற்கும் உச்சவரம்பு உண்டு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதுவும் கிடையாது. புதிய வரி முறையில் இருக்கிறவருக்கு ஒன்றுமே இல்லை. மளிகைக்கடை அண்ணன் ஒருவர் 5,000 ரூபாயை ரொக்கமாக நீட்டி, "ஏனுங்க, சினிமாவுக்குக் குடுத்தா வரியில கழிச்சுக்கலாமுங்களா?" என்றார். இதையெல்லாம் விளக்கினேன். "அப்ப எனக்கு எதுவும் இல்லைங்கறீங்க. சரி, வச்சுக்கங்க" என்று கொடுத்துவிட்டுப் போனார். நன்கொடைச் சான்றிதழான படிவம் 10பிஇ வேறு நிதியாண்டு முடிந்து மே மாத வாக்கில்தான் வரும், அதுவரை "என் சர்டிபிகேட் எங்கே" என்ற போன் நமக்குத்தான் வரும், அறக்கட்டளைக்கு இல்லை.

வெளிநாட்டுச் சொந்தக்காரர்களை நம்பித் திட்டம் போடுகிறவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். துபாயில் வேலை பார்க்கும் மாமாவிடம் இந்தியப் பாஸ்போர்ட் இருக்கிறது, அவர் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூரில் குடியுரிமை வாங்கிவிட்ட சித்தி அதே தொகையை அனுப்பினால் ஆகும். இந்த அறக்கட்டளைக்கு வெளிநாட்டு நன்கொடை வாங்கத் தேவையான எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு இல்லாததால் சித்தியின் காசு வரவே முடியாது. பதிவுள்ள வேறு அமைப்பு வாங்கி இவர்களுக்குக் கைமாற்றலாமே என்றால், 2020 சட்டத் திருத்தத்தோடு அந்த வழியும் அடைபட்டுவிட்டது. இது சட்டம், அறக்கட்டளையின் தப்பு இல்லை. ஆனால் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டாமா? சித்தி தொகையைச் சொல்லி, நாங்கள் அதை பட்ஜெட்டில் எழுதி, கேமரா வாடகைக்கு முன்பணமும் கொடுத்த பிறகுதான் சொன்னார்கள். ஒரு நட்சத்திரம் அங்கே போனது.

இன்னொரு நட்சத்திரம் போனது பில்லில். கோயம்புத்தூரில் எடுத்த லைட்டுக்கும் லென்ஸுக்கும் பில் இருக்கிறது, பிரச்சினை இல்லை. ஆனால் எங்கள் ஊரில் படம் எடுத்தால் செலவு அப்படியா நடக்கும்? தென்னை ஏறுகிறவருக்குக் கூலி, ராத்திரி மடைக்காட்சிக்கு வந்த இருபது பேருக்குச் சாப்பாடு, தோப்புக்காரருக்கு ஒரு வேட்டி துண்டு. எல்லாவற்றுக்கும் வவுச்சர், கையெழுத்து, 5,000 ரூபாய்க்கு மேல் போனால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப். அதையும் செய்தோம். கள்ளில்தான் மாட்டிக்கொண்டோம். கதையில் இரண்டு பேர் கள்ளு ஷாப்பில் உட்கார்ந்து தண்ணீர் முறையைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள், சித்தூர்ப் பக்கத்துக் கதையில் கள்ளு இல்லாவிட்டால்தான் பொய். நிஜக் கள்ளு, நிஜ ஷாப்பு, 3,200 ரூபாய். தர்மக் கணக்கில் கள்ளு எழுத முடியாது என்று கணக்காளர் திருப்பி அனுப்பிவிட்டார். கேரளத்தில் லைசென்ஸ் உள்ள கடை சார் என்று சொல்லிப் பார்த்தேன். கைக்காசுதான் போனது.

உரிமை விஷயம் எனக்கு இன்னும் நெருடுகிறது. இது நன்கொடை, முதலீடு இல்லை. அதனால் கொடுத்தவருக்கு லாபப் பங்கு தர முடியாது, அது நியாயம். ஆனால் படம் சம்பாதித்தால் செலவு போக மீதி அறக்கட்டளைக்கே என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. எங்கள் படம் சம்பாதிக்கப் போவதில்லை என்ற தைரியத்தில் கையெழுத்துப் போட்டோம். கொஞ்சமாவது ஓடும் என்ற நம்பிக்கை உள்ள கதையோடு போகிறவர்கள் அந்தப் பக்கத்தை ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டுப் போங்கள். ஆவணப்படமாக இருந்தால் தயங்காமல் போகலாம்.

ஊர்க்காசில் படம் எடுப்பது புதிதும் இல்லை. 1976இல் வந்த 'மந்தன்' படத்துக்குக் குஜராத்தின் 5 லட்சம் பால் விவசாயிகள் ஆளுக்கு 2 ரூபாய் போட்டார்கள். கேரளத்தில் இயக்குநர் ஜான் ஆபிரகாமும் ஒடேசா என்ற திரைப்படக் குழு நண்பர்களும் ஊர் ஊராகத் திரையிட்டு, மக்களிடம் வசூலித்த காசில் 1986இல் 'அம்ம அறியான்' எடுத்தார்கள். அவர்களிடம் யாரும் பயனாளிகள் எத்தனை பேர் என்று கேட்டிருக்க மாட்டார்கள் என்று ராத்திரியெல்லாம் பொறாமைப்பட்டிருக்கிறேன். ஆனால் அந்த மளிகைக்கடை அண்ணன் மாதிரி இன்னும் நூறு பேர் வீட்டுப் படி ஏற எனக்குத் தெம்பு இருந்திருக்குமா என்றால், இல்லை. ரசீது இருந்ததால்தான் முகம் தெரியாதவர்கள் பலர் கொடுத்தார்கள். அந்த மூன்று நட்சத்திரமும் அதற்குத்தான்.

கடைசித் தவணை 62,560 ரூபாய், தணிக்கை முடிந்தால்தான் வரும். போன வாரம் ஒரு மெயில்: மாட்டுவண்டி வாடகை வவுச்சரில் கையெழுத்து இல்லை. வண்டிக்காரப் பெரியவர் இப்போது மகள் வீட்டில், பொள்ளாச்சியில் இருக்கிறார். நாளைக் காலை பஸ்ஸில் வவுச்சரை எடுத்துக்கொண்டு போகிறேன்.