118 டாலருக்கு வெட்டுப்பட்ட ‘ஷாவோலின் சாக்கர்’: பழைய டிவிடி வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

118 டாலர் போய்விட்டது. வாங்கியது ஒரே ஒரு படத்தின் டிவிடி. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் நானும் மற்றவர்களைப் போல ‘போகட்டும், தொலையட்டும்’ என்று விட்டுவிடுவேன். அந்தத் ‘தொலையட்டும்’தான் இந்தப் பேர்வழிகளின் முதலீடு.

விற்ற இடம் ஓர் இணையச் சந்தை. பழைய டிவிடி, இசைத்தட்டு, திரைப்பட போஸ்டர் போன்றவற்றை யார் வேண்டுமானாலும் அங்கே விற்கலாம், யார் வேண்டுமானாலும் வாங்கலாம். சேகரிப்பாளர்களுக்கு நன்றாகப் பழக்கமான வகை. பெயர் சொல்லப்போவதில்லை. சொன்னால் பதிவு காணாமல் போய்விடும், சந்தை மட்டும் அங்கேயே இருக்கும்.

விஷயம் தெரியாதவர்களுக்காகப் படத்தின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது தெரியாமல் நான் ஏன் இவ்வளவு கொதிக்கிறேன் என்று புரியாது. ‘ஷாவோலின் சாக்கர்’ ஹாங்காங் படம். ஸ்டீபன் சௌ நடித்து இயக்கியது. ஷாவோலின் குங்ஃபூ கற்ற சகோதரச் சீடர்கள் வயிற்றுப்பாட்டுக்கு ஏதேதோ வேலை பார்த்துச் சீரழிந்துகிடக்க, கால் முடமான பழைய ஆட்டக்காரர் ஒருவர் அவர்களைத் திரட்டிக் கால்பந்து அணி கட்டுகிறார். 2001 ஜூலையில் வெளியாகி 6 கோடி ஹாங்காங் டாலருக்கு மேல் வசூலித்தது. அதுவரை எந்த ஹாங்காங் படமும் அந்த ஊரில் அவ்வளவு ஈட்டியதில்லை. மறு ஆண்டு ஹாங்காங் திரைப்பட விருதுகளில் சிறந்த படம், சிறந்த இயக்குநர், சிறந்த நடிகர் மூன்றையும் அள்ளியது. ஜப்பானும் தென் கொரியாவும் உலகக் கோப்பையை நடத்திய 2002-ல், சரியாக அந்தக் கோடையில் ஜப்பானில் திரையிட்டார்கள். கேட்க வேண்டுமா? கூட்டம் அலைமோதியது. இத்தாலியில் ரோமா, லாட்சியோ அணிகளின் ஆட்டக்காரர்களைக் கூட்டிவந்து டப்பிங் பேச வைத்தார்கள். அந்தக் கூத்தைத் தனியாக எழுதலாம்.

அமெரிக்காவில்தான் படத்துக்குச் சனி பிடித்தது. மிராமேக்ஸ் நிறுவனம் உரிமையை வாங்கிப் பெட்டியில் பூட்டி வைத்தது. இன்று வரும், நாளை வரும் என்று தேதி தள்ளிக்கொண்டே போனது. பெயரை மாற்றலாமா என்று யோசித்தார்கள், ஆங்கிலத்தில் டப்பிங் செய்தார்கள், கத்தரியையும் எடுத்தார்கள். கடைசியில் 2004 ஏப்ரலில் விரல்விட்டு எண்ணக்கூடிய திரையரங்குகளில் வெளியிட்டபோது, 113 நிமிடம் வரை ஓடுகிற படம் 87 நிமிடமாகச் சுருங்கியிருந்தது. மொத்த வசூல் 5 லட்சம் டாலரைக்கூட எட்டவில்லை. எட்டாதுதான். பார்க்க ஆசைப்பட்டவர்கள் எல்லோரும் அதற்குள் ஹாங்காங் டிவிடியை வரவழைத்துப் பார்த்து முடித்திருந்தார்கள். நானும் அப்படித்தான் நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கி முதன்முதலில் பார்த்தேன். கீழே ஓடிய ஆங்கில வரிகளில் பாதி தப்பு. ஆனாலும் அப்படிச் சிரித்ததில்லை.

அந்த ஹாங்காங் டிவிடியைத்தான், அதே அட்டைப்படத்தோடு, சொந்தமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பயிற்சியாளராக நடித்த இங் மான்-டாட் 2021-ல் காலமான பிறகு ஆசை இன்னும் கூடியது. இணையத்தில் படம் கிடைக்காமலா இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. புத்தகம் சேர்ப்பவரிடம் போய் ‘நூலகத்தில் இருக்கிறதே’ என்று யாரும் சொல்வதில்லை.

விளம்பரத்தில் எல்லாம் கச்சிதமாக இருந்தது. ஹாங்காங்கின் முதல் பதிப்பு, பிரிக்கப்படாத உறை, ஹாங்காங்காரர்கள் பேசும் கான்டனீஸ் சீன மொழியில் ஒலி, நீக்கப்பட்ட காட்சிகளும் சேர்ந்த நீளமான வடிவம். முன்பக்கம், பின்பக்கம், முதுகு எனப் பல கோணங்களில் புகைப்படங்கள். விலை 96, தபால் 22, ஆக 118 டாலர். விற்பவருக்கு நல்ல பெயர் கொடுத்தவர்கள் நூற்றுக்கணக்கில்.

அதையும் தாண்டி நான் கேள்வி கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது. எந்தக் காட்சி எங்கே நீண்டது என்றார், மிராமேக்ஸைத் திட்டினார், அந்த 87 நிமிட வடிவத்தைப் ‘பிணவறைப் படம்’ என்றார். இந்தப் படத்தை இப்படி நேசிக்கிறவரா ஏமாற்றுவார் என்று யாருக்கும் தோன்றும். என்னை முழுதாகச் சாய்த்தது அடுத்த செய்திதான். பணம் கட்டப்போகும் நேரத்தில் அவராகவே எழுதினார்: ‘ஒரு நிமிடம் பொறுங்கள். இது பகுதி எண் 3 கொண்ட டிஸ்க், அதாவது ஹாங்காங் பக்கத்துக் கருவிகளுக்கென்று பூட்டியது. உங்கள் நியூ ஜெர்சியில் சாதாரண டிவிடி கருவியில் ஓடாது. எல்லாப் பகுதிக்கும் பொருந்தும் கருவி உங்களிடம் இருக்கிறதா? இல்லையென்றால் வாங்காதீர்கள், பிறகு வருத்தப்படுவீர்கள்.’

வாங்காதீர்கள் என்று சொல்கிற வியாபாரியை எவன் சந்தேகிப்பான்? இருக்கிறது என்று பதில் போட்டு, சந்தையின் பணப்பகுதி வழியாகவே, அவர்கள் விதித்த முறைப்படியே 118 டாலரைக் கட்டினேன்.

பார்சல் வந்தது. வர வேண்டிய காலத்தைத் தாண்டித்தான் வந்தது. சுங்கத்தில் நிற்கிறது, கப்பல் தாமதம், விடுமுறைக் காலம் என்று வாரத்துக்கொரு காரணம் சொன்னார். பணிவாகத்தான் சொன்னார். அந்தத் தாமதத்தின் அர்த்தம் பிறகுதான் விளங்கியது, சொல்கிறேன்.

பிரித்த அன்று அக்கா மகன் வீட்டில் இருந்தான். பள்ளி அணியில் கால்பந்து ஆடுகிறவன். பந்து தீப்பிடித்துப் பறக்கும் என்று ஆசை காட்டி வைத்திருந்தேன். நான் என் கருவியை அலமாரியிலிருந்து இறக்கி ஒயர் தேடிக்கொண்டிருந்தபோது அவன் பொறுமையில்லாமல் டிஸ்க்கைத் தன் வீடியோ கேம் கருவியில் செருகிவிட்டான். அது ஓடத் தொடங்கியது.

இந்த ஊர்க் கடையில் வாங்கிய கருவி அது. அதில் ஓடவே கூடாது. எனக்கு அந்த நொடியிலேயே வயிறு கலங்கியது. அவனோ, “மாமா, சைனீஸ் படம் என்றீர்களே, எல்லோரும் இங்கிலீஷில் பேசுகிறார்களே?” என்றான். மொழி மாற்றிப் பார்த்தேன். மாற்றுவதற்கு வேறு மொழியே இல்லை. கதாநாயகனின் ஆங்கிலம் ஸ்டீபன் சௌவின் சொந்தக் குரல், நாயகிக்குப் பேசியிருப்பவர் நடிகை பாய் லிங். அதாவது அமெரிக்காவுக்கென்று செய்த அதே டப்பிங். திரையின் கீழே மொத்த நேரம் தெரிந்தது: 1 மணி 27 நிமிடம்.

டிஸ்க்கை வெளியே எடுத்துத் திருப்பினேன். அச்சகத்தில் அழுத்தித் தயாரிக்கும் டிஸ்க்கின் அடிப்பக்கம் வெள்ளிபோல இருக்கும். இது கருநீலமும் ஊதாவும் கலந்து மின்னியது. கணினியில் பதிவுசெய்த டிஸ்க். மேல்பக்கத்து அச்சு என் ஈரவிரல் பட்டதும் சிவப்பாகக் கசிந்து கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டது. உறையின் அட்டையோ நகல் எடுத்த அட்டை. பின்பக்கத்தின் சிறிய எழுத்துகள் புகையடித்தது போல மங்கியிருந்தன. புகைப்படத்தில் இருந்த பொருள் எங்கேயோ அவர் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது என்பது என் ஊகம்.

இன்னொன்று. இதைச் சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் தீரும். அமெரிக்காவில் வெளியான டிவிடியிலேயே வெட்டிய வடிவம், வெட்டாத சீன வடிவம் இரண்டும் இருக்கின்றன. பழைய பொருள் கடைகளில் சில டாலருக்குக் கிடைக்கும். இந்த மனிதர் நகலெடுக்க உட்கார்ந்தபோது நீளமான வடிவத்தை நகலெடுக்கக்கூட மெனக்கெடவில்லை. திருட்டிலும் சோம்பேறித்தனம். தான் பிணவறைப் படம் என்று திட்டிய அதையே 118 டாலருக்கு என் தலையில் கட்டினார்.

உடனே எழுதினேன். முதல் பதில், ‘அப்படியா, என்னிடம் வந்த சரக்கை அப்படியே அனுப்பினேன்’. அடுத்தது, ‘படம் ஓடுகிறது அல்லவா, பிறகு என்ன குறை?’ டிஸ்க்கின் அடிப்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினேன். வெளிச்சக் கோளாறு என்றார். நேரம் தெரிகிற திரையை அனுப்பினேன். அமெரிக்கக் கருவிகள் வேகமாக ஓட்டும் என்றார். எந்தக் கருவி 113 நிமிடப் படத்தை 87 நிமிடத்தில் ஓட்டும், அதுவும் எல்லோருக்கும் ஆங்கிலம் கற்றுக்கொடுத்து? பிறகு ஒரு சலுகை: டிஸ்க்கை என் செலவில், பதிவுத் தபாலில், காப்பீட்டோடு ஹாங்காங்குக்குத் திருப்பி அனுப்பினால் ‘பரிசீலிப்பாராம்’. தபால் நிலையத்தில் விசாரித்தேன். வாங்கிய விலையில் பாதியை அதற்கே அழ வேண்டும். அதற்குமேல் நான் எழுதியவற்றை அவர் படித்ததாகக் குறி விழுகிறது, பதில் மட்டும் இல்லை.

சந்தைக்காரர்கள் இன்னும் மேல். வாங்குபவர் பாதுகாப்பு என்று முகப்பில் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். புகார்ப் பக்கத்தைத் தேடிக் கண்டுபிடித்தால் முதலில் பேசுவது இயந்திரம். ‘உங்கள் அனுபவம் எங்களுக்கு முக்கியம்’ என்றது. போலிப் பொருள் என்று எழுதினேன். ‘பார்சல் உங்களுக்குச் சேர்ந்துவிட்டது, மகிழ்ச்சி’ என்றது. மல்லுக்கட்டிய பிறகு ஒரு மனிதர் வந்தார். புகார் காலம் முடிந்துவிட்டது என்றார். எப்படி? காலம் பார்சல் கைக்கு வந்த நாளிலிருந்து ஓடுவதில்லையாம், வந்துசேர வேண்டிய நாள் என்று விற்பவர் குறித்த தேதியிலிருந்து ஓடுமாம். சுங்கம், கப்பல், விடுமுறை என்று பணிவாகத் தள்ளிக்கொண்டே போனாரே, அதன் சூட்சுமம் இதுதான்.

விதிவிலக்கு உண்டா என்று கேட்டேன். ‘விளம்பரத்தில் இருந்த தலைப்பும் வந்த படத்தின் தலைப்பும் ஒன்றே’ என்று எழுதிப் புகாரை முடித்துவைத்தார்கள். கூடவே, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று ஒரு கேள்வி. 118 டாலரில் தங்கள் பங்குத் தரகை எடுத்துக்கொண்டு நட்சத்திரம் வேறு கேட்கிறார்கள்.

அட்டை வழங்கிய வங்கியிலும் மனு போட்டிருக்கிறேன். பொருள் வரவில்லை என்றால் சுலபமாம், வந்த பொருள் வேறு என்றால் நிரூபிக்க வேண்டுமாம். நிரூபணத்துக்கு என்ன அனுப்புவது? ஊதா நிற டிஸ்க்கையா, என் சிவந்த கட்டைவிரலையா?

இது தப்பித்துக்கொள்ள முழு வழிகாட்டியாக இருக்க வேண்டும் என்று நினைத்துத்தான் தொடங்கினேன். அந்தப் பொறுமை இப்போது இல்லை, கையில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். பல வடிவங்களில் வெளியான எந்தப் படமாக இருந்தாலும், மொத்த நேரம் திரையில் தெரிய ஒரு புகைப்படம் கேளுங்கள். உறை பிரிக்காதது என்றால் அதைக் காட்ட முடியாது என்பார்கள். அதனால்தான் ‘பிரிக்காத உறை’ என்று போடுகிறார்கள், அந்தச் சொல்லுக்காக அதிகம் கொடுக்காதீர்கள். பிரித்த பழைய பிரதி என்றால் டிஸ்க்கின் அடிப்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள், அதன் மேல் இன்றைய தேதி எழுதிய துண்டுச் சீட்டை வைத்துப் படமெடுக்கச் சொல்லுங்கள். பார்சல் தாமதமானால் காரணம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம், காலம் முடிவதற்குள் புகாரைப் பதிந்துவிடுங்கள், பொருள் நல்லபடியாக வந்தால் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். நூற்றுக்கணக்கான நல்ல பெயரைப் பார்த்து நம்பாதீர்கள். எழுதியவர்களில் பாதிப் பேர் உறையைப் பிரிக்காமலே அலமாரியில் வைத்திருப்பார்கள், தங்களிடம் இருப்பது என்னவென்று அவர்களுக்கே தெரியாது. மற்றதெல்லாம் பிறகு.

இன்று காலை பார்த்தேன். அதே விற்பனையாளர், அதே புகைப்படங்கள், ‘ஹாங்காங் முதல் பதிப்பு, ஒன்றே ஒன்றுதான் பாக்கி’ என்று மறுபடியும் போட்டிருக்கிறார். விலையை 104 ஆக்கியிருக்கிறார், தபால் தனி. கீழே யாரோ ஒருவர், இது என் ஊர்க் கருவியில் ஓடுமா என்று கேட்டிருக்கிறார். ‘கேட்டது நல்லதாயிற்று, ஓடாது, யோசித்து வாங்குங்கள்’ என்று பதில் போட்டிருக்கிறார். அந்தக் கேள்வியைக் கேட்டவர் தமிழ் படிப்பவராக இருந்தால், ஐயா, பணம் கட்டிவிடாதீர்கள்.