சிம்கோவின் ஐஸ் குடிலும் வடக்கின் கரடி மேடையும்: வழிகாட்டிக்குக் கொடுக்கும் காசு தகுமா?

ரொறன்ரோவிலிருந்து வடக்கே ஒரு மணித்தியாலம் கார் ஓட்டினால் சிம்கோ ஏரி. ஜனவரி பிறந்ததும் கெஸ்விக், ஜாக்சன்ஸ் பொயின்ற், பீவர்ட்டன், இனிஸ்ஃபில் கரைகளில், உறைந்த ஏரியின் மேல் மீன் பிடிக்க வைக்கும் குடில்களை வாடகைக்கு விடுபவர்கள் கடையைத் திறந்துவிடுவார்கள். ஸ்காபுரோ, மார்க்கம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களும் இப்போது சனி, ஞாயிறில் அங்கே போகின்றன. ஒரு பகல் முழுக்க ஓடிச் சேர வேண்டிய சாப்லோ, வாவா, ஹேர்ஸ்ற் பகுதிகளில் இதே தொழிலுக்கு இன்னொரு முகம் உண்டு. அங்கே பல விடுதிகள் மே மாதத்திலும் ஓகஸ்ற்றிலும் கரடி வேட்டைக்கு ஆள் சேர்க்கும். குளிர்காலத்தில் அதே அறைகள் ஐஸ் மீன்பிடிக்குப் போகும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். சிம்கோ குடிலுக்குக் கொடுக்கும் காசு தகும். கரடிக்குக் கொடுக்கும் காசு, நீங்கள் ஒன்ராறியோவில் வசிப்பவரா இல்லையா என்பதையும், நடத்துபவர் நீங்கள் வருவதற்கு முந்தின பத்து நாளில் என்ன செய்தார் என்பதையும் பொறுத்தது. இரண்டிலும் நீங்கள் வாங்குவது மீனையோ கரடியையோ அல்ல, நீங்கள் வருமுன் ஒருவர் செய்து முடித்த வேலையை.

சிம்கோவில் ஒரு பகலுக்கு ஆளுக்கு நூறு டொலரை ஒட்டிய தொகை கேட்பார்கள். வார இறுதியில் கொஞ்சம் கூடும். அதற்குள் கரையிலிருந்து குடிலுக்குப் போய்வரும் சவாரி, சூடாக்கிய குடில், துளைத்த துவாரங்கள், ஒரு கட்டுத் தூண்டில், இரைக்கு ஒரு வாளி மின்னோ (குட்டி மீன்) எல்லாம் அடங்கும். மீன்பிடி லைசன்ஸ், சாப்பாடு, மீன் வெட்டித் தருவது, டிப்ஸ் ஆகியவை வழக்கமாக அதற்குள் வராது. சவாரி சில இடங்களில் இன்னமும் பொம்பார்டியர் ஸ்னோ கோச்சில்தான். கியூபெக்கில் 1940-களில் செய்யத் தொடங்கிய, வட்ட ஜன்னல் வைத்த 12 பேர் பனி வண்டி அது. உள்ளே பெற்றோல் மணக்கும், எலும்பெல்லாம் குலுங்கும், ஆனால் பிள்ளைகள் பிறகு மீனை மறந்து அந்த வண்டியைப் பற்றித்தான் பேசும்.

முதலில் பார்க்க வேண்டியது ஐஸ். தெளிந்த நீல ஐஸ் 10 சென்ரிமீற்றர் இருந்தால் நடக்கலாம் என்பது குறைந்தபட்சக் கணக்கு. 15 இருந்தால் மனம் ஆறும். ஸ்னோமொபைலுக்கு 20, சிறிய காருக்கு 20 முதல் 30, ட்ரக்குக்கு அதற்கும் மேல். பனி நனைந்து உறைந்த வெள்ளை ஐஸுக்குப் பலம் பாதிதான், எனவே அளவை இரட்டிப்பாக்க வேண்டும். சிம்கோவில் ஆளை விழுத்துவது பெரும்பாலும் தடிப்புக் குறைவு அல்ல, வெடிப்பு. காற்று திசை மாறினால் ஐஸ் தட்டு நகர்ந்து, காலையில் மேலால் கடந்த கோடு மாலையில் தண்ணீர் வாய்க்காலாகிவிடும். நல்ல நடத்துநர் விடியுமுன் அந்த வெடிப்புகளின் ஓரமாக ஓடிப் பார்த்து, கடக்கும் இடத்தைக் கொடி நட்டுக் காட்டுவார், தேவையானால் பாலப் பலகை போடுவார். தொலைபேசியில் இரண்டு கேள்வி போதும்: "இண்டைக்குக் காலமை எத்தினை இடத்தில அளந்தனீங்கள்?", "ஐஸ் சரியில்லையெண்டு நீங்கள் நிப்பாட்டினால் காசு திரும்புமா, வேற நாளா?" முதல் கேள்விக்கு "பயப்பிடாதேங்கோ, நல்ல தடிப்பு" என்று மட்டும் பதில் வந்தால் அடுத்த இலக்கத்துக்கு அடியுங்கள்.

குக்ஸ் பே ஆழம் குறைந்த இடம், அதனால் முதலில் உறைவதும் அதுதான். கெம்பன்ஃபெல்ற் பே 40 மீற்றர் வரை ஆழம் போவதால் பிந்தித்தான் உறையும். சில குளிர்காலங்களில் ஏரியின் நடுப்பகுதி முழுதாக உறையாமலே போய்விடுகிறது. எனவே டிசம்பரிலேயே, ஆழத்தின் மேல் வைக்கும் ட்ரவுற் மீன் குடிலுக்கு முற்பணம் கட்டுவது சூதாட்டம். ஆழம் குறைந்த இடத்துப் பேர்ச் மீன் குடிலுக்கு ஜனவரி நடுப்பகுதி முதல் பெப்ரவரி முடிய ஓரளவு நம்பிக் கட்டலாம். மார்ச் 15-க்குள் சிம்கோவிலிருந்து குடில்களை அகற்ற வேண்டும் என்பது சட்டம்.

பதிவு செய்யும்போதே பேர்ச் குடிலா, ட்ரவுற் குடிலா என்று சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இரண்டும் வேறு வேறு விளையாட்டு. மஞ்சள் பேர்ச் 3 முதல் 10 மீற்றர் ஆழத்தில் கூட்டமாகத் திரியும். நாலு இறாத்தல் தாங்கும் நூல், சிறிய கொக்கி, கொக்கிகளை விலக்கிப் பிடிக்கும் இரு கை விரித்த ஸ்பிரெடர் கம்பி, அடியில் ஈயம். ஈயம் நிலத்தைத் தொட்டதும் ஒரு சாண் தூக்கி நிறுத்துங்கள். வரிக்குதிரைச் சிப்பி வந்த பிறகு சிம்கோத் தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிந்துவிட்டது. தடித்த நூலைக் கண்டால் மீன் ஒதுங்கும். புதியவர் செய்யும் பிழை எப்போதும் ஒன்றுதான்: கடி உணர்ந்தவுடன் கூரையில் முட்டும் அளவுக்கு இழுப்பது. பேர்ச் இரையை முதலில் உறிஞ்சிப் பார்க்கும். கோல் நுனி இரண்டாம் முறை வளையும்போது மணிக்கட்டை மட்டும் அசைத்தால் போதும்.

லேக் ட்ரவுற்றும் வைற்ஃபிஷும் 20 முதல் 30 மீற்றர் ஆழத்தில் கிடைக்கும். துவாரம் 20 சென்ரிமீற்றர் அகலமாவது வேண்டும், 15-இல் பெரிய ட்ரவுற்றின் தலை சிக்கிக்கொள்ளும். எட்டு முதல் பத்து இறாத்தல் ஃபுளோரோகாபன் நூல், வெள்ளை ரியூப் ஜிக் என்கிற ஈயத் தலைப் போலி இரை அல்லது வெள்ளிக் கரண்டி வடிவ இரை. இங்கே மீனைத் திரையில் கோடாகக் காட்டும் ஃபிளாஷர் என்கிற ஒலிமானி இல்லாமல் உட்காருவது கண்ணைக் கட்டிக்கொண்டு தூண்டில் போடுவதுதான். திரையில் சிவப்புக் கோடு ஏறி வந்தால் ஜிக்கை நிறுத்தாமல் மேலே இழுங்கள். தப்பி ஓடும் இரையைத்தான் ட்ரவுற் துரத்தும், நின்றுவிட்டால் முகர்ந்துவிட்டுத் திரும்பிவிடும். வைற்ஃபிஷ் இதற்கு நேர்மாறு. ஜிக்கை அடிநிலத்தில் நாலைந்து தரம் குத்திச் சேற்றுப் புகையைக் கிளப்பி, அதன் மேல் அசையாமல் பிடிக்க வேண்டும். ட்ரவுற் குடில் என்று காசு வாங்கிவிட்டு ஃபிளாஷருக்குத் தனி வாடகை கேட்கும் இடங்கள் உண்டு. இது பிச்சைக்காரத்தனம், விலையை ஒப்பிடும்போது அதையும் கூட்டிப் பாருங்கள்.

குடிலுக்குள் புகுந்ததும் ஹீற்றரைப் பாருங்கள். புரொப்பேன் அடுப்பு எரியும் குடிலில் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரு காற்றுத் துளைகள் திறந்திருக்க வேண்டும், கார்பன் மொனொக்சைட் அலாரமும் வேண்டும். கூதல் என்று துளையில் துணியை அடைப்பவர்கள் நம்மவர்களிலும் இருக்கிறார்கள். தலையிடி, வாந்தி வருவது போல ஒரு கிறக்கம் என்றால் களைப்பு என்று படுக்காமல் உடனே வெளியே போங்கள். தலைக்கு மேலே வியர்க்கும் அதே குடிலில் பாதம் விறைக்கும், ஆகவே சப்பாத்துக்குள் ஒரு அளவு பெரிதாக இடம் விட்டுத் தடித்த காலுறை போட வேண்டும். கைத்தொலைபேசியை மடியில் வைக்கவே வேண்டாம். துவாரம் அதற்காகவே காத்திருக்கும்.

நடத்துநரின் தரம் தெரிவது மீன் கடிக்காத நேரத்தில். பேர்ச் கூட்டம் நகர்ந்துவிட்டால் அந்தக் குடிலில் மாலை வரை தவமிருந்தாலும் பயனில்லை. நல்லவர் பத்து மணிக்கு ஒரு தரம், மதியம் ஒரு தரம் வந்து பார்ப்பார், அரை மணித்தியாலம் வெறுமையாக இருந்தால் வேறு குடிலுக்கு மாற்றுவார் அல்லது ஐஸ் துளைக்கும் ஓகரோடு வந்து வெளியே புதுத் துவாரம் போடுவார். மற்றவர் காலையில் இறக்கிவிட்டு மாலையில் ஏற்ற வருவார். இருவரும் ஒரே விலைதான் கேட்பார்கள்.

சட்டத்தில் சறுக்கும் இடங்கள் சில. சிம்கோவில் ஐஸில் ஆளுக்கு இரண்டு நூல், இரண்டும் கண்பார்வையில், 60 மீற்றருக்குள். 18 வயதுக்குக் குறைந்தவரும் 65-ஐ எட்டிய கனடா வாசிகளும் லைசன்ஸ் வாங்கத் தேவையில்லை. பெப்ரவரியின் ஃபமிலி டே விடுமுறை வார இறுதியில் கனடாவில் வசிக்கும் எவரும் வாங்கத் தேவையில்லை, ஆனால் அப்போது, குறைவாகப் பிடிக்க அனுமதிக்கும் கொன்சர்வேஷன் லைசன்ஸின் எண்ணிக்கை எல்லைதான்: பேர்ச் 25. முழு அளவு பிடிக்க விடும் ஸ்போர்ட் லைசன்ஸ் என்றால் 50. மின்னோ வாளியின் தண்ணீரை ஏரியிலோ அதிலிருந்து 30 மீற்றருக்குள்ளோ ஊற்றக் கூடாது. மீனை வெட்டிக் கொண்டுபோனால் என்ன மீன், எத்தனை என்று அதிகாரி எண்ணக்கூடியதாக, ஒவ்வொரு துண்டிலும் கொஞ்சம் தோலை விட்டுவிட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே பையில் திணித்து உறையவைப்பதுதான் தண்டப்பணத்துக்கு நேர்வழி. இன்னொன்று: ஆழத்திலிருந்து வந்த ட்ரவுற் காற்றுப்பையில் வீங்கிய காற்றை வாயால் விட்டுத் திரும்பிப் போகும். பேர்ச்சுக்கு அந்த வழி இல்லை. பத்து மீற்றருக்குக் கீழிருந்து எடுத்த பேர்ச்சைத் திருப்பி விட்டாலும் அது செத்ததுதான், எனவே எல்லை வந்ததும் தூண்டிலைச் சுருட்டுங்கள்.

இனிக் கரடி. ஒன்ராறியோவில் கருங்கரடிக்கான வசந்த வேட்டை 1999-இல் நிறுத்தப்பட்டு, 2014-இல் பரீட்சார்த்தமாகத் திரும்பி, 2021 முதல் வழமையானது. மே 1 முதல் ஜூன் 15 வரை அந்தப் பருவம், பிறகு இலையுதிர்காலப் பருவம். ஒன்ராறியோவில் வசிக்காதவர் பொதுவாக உரிமம் பெற்ற ஒப்பரேற்றர் (வேட்டை நடத்துபவர்) ஊடாகத்தான் வேட்டையாட முடியும், சில ஆயிரம் டொலர் வரும். ஒன்ராறியோ வாசிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. வேட்டைப் பயிற்சியும் அவுட்டோர்ஸ் கார்ட் என்கிற அடையாள அட்டையும் துப்பாக்கி லைசன்ஸும் கரடி ராக் என்கிற அனுமதிச் சீட்டும் இருந்தால் அரச காணியில் தானே இரை வைத்துக் காத்திருக்கலாம். ஆகவே இங்கே வசிப்பவர் முழுப் பொதிக்குக் காசு கொடுக்குமுன் யோசிக்க வேண்டும். ஆனால் ஒரு வேட்டைக்கு முன் பத்து நாள், நாளுக்கு ஒரு தரம் காட்டுக்குள் வாளி சுமக்க உங்களால் முடியுமா? முடியாவிட்டால் அந்தச் சுமைக் கூலிதான் அந்தத் தொகை.

வேட்டைக்காரர் காத்திருக்கும் மேடைக்கு எதிரே, கரடியை வரவைக்க வைக்கும் பீப்பாவில் போடுவது ஓட்ஸ், பழைய பாண், மொலாசஸ், பொப்கோர்ன், பொரித்த எண்ணெய். எண்ணெயைப் பீப்பாவின் முன்னால் ஊற்றினால் கரடி அதை மிதித்து, வாசனையைக் காடெங்கும் தன் காலிலேயே காவிக்கொண்டு போகும். சொக்லேற் வைப்பவரிடம் போக வேண்டாம். அதிலுள்ள தியோபுரோமின் கரடிக்கு நஞ்சு, 2014-இல் நியூ ஹாம்ப்ஷயரில் 4 கரடிகள் அப்படிச் செத்தன. இரை வைக்கும் இடம் வீடுகளிலிருந்து 500 மீற்றரும் பொது வீதியிலிருந்து 200 மீற்றரும் விலகி இருக்க வேண்டும். கேட்க வேண்டியது: ஒரு வேட்டைக்காரருக்கு எத்தனை மேடை? ஒன்று மட்டும் என்றால் அன்று காற்று பிழையாக அடித்தால் அவர் அறையில் படுக்க வேண்டியதுதான். இரண்டு மூன்று இருந்தால் காற்றுக்கு ஏற்றபடி மாற்றலாம். கரடிக்குக் கண்ணைவிட மூக்கு பல மடங்கு கூர்மை. மேடையை இரைக்குக் காற்றின் கீழ்ப்பக்கம் வைக்காத வழிகாட்டி எவ்வளவு பேசினாலும் வீண்.

பருவத் தேர்வு விலையை விட முக்கியம். மே மாதத்தில் குகையிலிருந்து வந்த கரடிக்குப் பசி, உரோமமும் அடர்த்தி. ஆனால் பிளாக்ஃபிளை என்கிற கடிக்கும் கறுப்பு ஈ கண்ணையும் காதையும் மொய்க்கும், வலைத்தொப்பி இல்லாமல் மேடையில் அரை மணித்தியாலம் தாங்காது. ஜூனில் பெரிய ஆண்கள் பெண் தேடி அலையும், ஆனால் தோல் மரத்தில் உரசி இடையிடையே வெளிறத் தொடங்கும். ஓகஸ்ற் பிற்பகுதியில் ஆபத்து புளூபெரி. காட்டில் அது நன்றாகக் காய்த்த வருடம் கரடி உங்கள் பாணைத் திரும்பியும் பார்க்காது. அந்த வருடமும் விளம்பரத்தில் "நூறு வீத வெற்றி" என்று போடுபவர் கரடியைக் கண்டவரையும் சுட்டவரையும் ஒரே கணக்கில் சேர்த்திருப்பார்.

வசந்தத்தில் குட்டியையோ குட்டியோடு நிற்கும் தாயையோ சுடுவது குற்றம். தாய் முதலில் தனியே இரைக்கு வந்து, குட்டிகளை மரத்தில் ஏற்றி விட்டிருக்கும். கரடி வந்ததும் பத்து நிமிடமாவது பார்த்திருக்கச் சொல்லும் வழிகாட்டிதான் வேலை தெரிந்தவர். அளவுக்குப் பீப்பாவே அடிக்கோல்: 205 லீற்றர் பீப்பா நிமிர்த்தினால் 88 சென்ரிமீற்றர் உயரம். நாலு காலில் நிற்கும் கரடியின் முதுகு அதன் விளிம்பை எட்டினால் பெரிது. தலையின் அளவுக்குக் காது பெரிதாகத் தெரிந்தால் இளசு. முன்கால் முன்னே போய், பக்கவாட்டில் நிற்கும் வரை பொறுக்க வேண்டும். அடர்ந்த உரோமமும் கொழுப்பும் காயத்தை மூடிவிடுவதால் இரத்தத் தடம் நிலத்தில் விழாமலே போகலாம். அதனால்தான் மறுபக்கத்தால் குண்டு வெளியேறும் சூடு தேவை, அதனால்தான் இருட்டில் தேடப் பழகிய ஆளும் நாயும் ஒப்பரேற்றரிடம் உண்டா என்று முன்கூட்டியே கேட்க வேண்டும்.

இறைச்சியை வைத்தே பல விடுதிகள் பெயர் கெடுத்துக்கொள்கின்றன. ஓகஸ்ற் வெயிலில் தோலோடு ஓர் இரவு கிடந்தால் பின்தொடை எலும்பைச் சுற்றிப் பழுதாகிவிடும். அன்றிரவே தோலுரித்துத் தொங்கவிடக் குளிரறை இருக்கிறதா, அது விலைக்குள் அடங்குமா என்று எழுத்தில் வாங்குங்கள். கரடி இறைச்சியில் ட்ரிக்கினெல்லாப் புழு இருக்கலாம், வடக்கு வகைகள் உறையவைத்தாலும் சாகாது. உள்ளே 74 பாகை செல்சியஸ் தொட வேண்டும். மணித்தியாலக்கணக்கில் அடுப்பில் கிடக்கும் நம் கறிச்சட்டிக்கு அது பெரிய காரியமில்லை. வாட்டி அரைவேக்காட்டில் எடுப்பதும், புகையில் உலர்த்தி அப்படியே கடிப்பதும் கூடாது. உடலிலிருந்து வெட்டியெடுத்த பித்தப்பையை வைத்திருப்பது ஒன்ராறியோவில் குற்றம். மருந்துக்கு என்று யாராவது காசு காட்டினாலும் அதைக் குடலோடு காட்டிலேயே விட்டுவிட்டு வரவேண்டும்.