410 மணி நேரத்தில் படுத்த எச்எஸ்டி: புதிது போடுவதா, பிரித்துச் சரிசெய்வதா, கியர் வண்டிக்கு மாறுவதா?

போன ஜூலையில் மேற்குச் சரிவில் புல் வெட்டிக்கொண்டிருந்தபோது டிராக்டர் பாதி மேட்டில் நின்றுவிட்டது. எஞ்சின் நன்றாக ஓடுகிறது. பின்னால் பிளேடும் சுற்றுகிறது. பெடலை மிதித்தால் மட்டும் வண்டி நகரவில்லை, அடியிலிருந்து ஒரு முனகல் சத்தம். அரை மணி நேரம் ஆறவிட்டுக் கிளப்பினேன், எதுவுமே நடக்காதது போல ஏறியது. இருபது நிமிடம் கழித்து மறுபடி அதே இடம், அதே முனகல். ஹவர் மீட்டரில் 410. எஞ்சின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் எச்எஸ்டி, சரியாகப் பார்த்துக்கொண்டால் ஆயிரக்கணக்கான மணி நேரம் உழைக்கிற பாகம் என்பதால் மனசு விட்டுப்போனது.

நாங்கள் இருப்பது அமெரிக்காவில், வட கரோலினா மாநிலம், பிட்ஸ்பரோ ஊருக்கு வெளியே. 7 ஏக்கர், செம்மண், பாதிக்கு மேல் சரிவு. 25 குதிரைசக்தி காம்பேக்ட் டிராக்டரை 290 மணி நேரம் ஓடிய நிலையில் இரண்டாம் கையாக வாங்கியிருந்தேன். ஊர்ப்பக்கம் மினி டிராக்டர் என்றால் கியரும் கிளட்சும்தான். இங்கே இந்த அளவு வண்டிகளில் கியருக்குப் பதில் ஆயில் அழுத்தத்தால் சக்கரத்தை ஓட்டும் ஹைட்ரோஸ்டேடிக், சுருக்கமாக எச்எஸ்டி, அதிகம். இப்படி நின்றுபோனவர்கள் முன்னால் இருப்பது நான்கு வழி: டீலரிடம் முழு யூனிட்டையே புதிதாகப் போடுவது, ஹைட்ராலிக் பட்டறையில் பிரித்துச் சரிசெய்வது, பழைய டிராக்டர்களை உடைத்து விற்கிற இடத்தில் யூனிட் வாங்கி மாட்டுவது, வந்த விலைக்குத் தள்ளிவிட்டுக் கியர் வண்டி வாங்குவது. நான் இரண்டாவதைச் செய்தேன். இன்றும் அதன் பக்கம்தான் சாய்கிறேன், அதை மறைக்கப் போவதில்லை.

பணத்தைப் பற்றி யோசிக்கும் முன் சும்மா பார்க்கக்கூடிய விஷயங்களைப் பார்த்துவிட வேண்டும். ஆயில் அளவு, ஃபில்டர் அடைப்பு, பெடல் இணைப்புக் கம்பி தளர்ந்திருப்பது, பம்ப் ஆயில் உறிஞ்சும் குழாயில் காற்று புகுவது. வண்டியைக் கட்டி இழுப்பதற்கென்று சில மாடல்களில் ஒரு வால்வு இருக்கும், அதைத் திறந்துவிட்டு மூட மறந்தாலும் இதே அறிகுறிதான். இதில் எதுவும் இல்லை என்றால்தான் உள்ளே தேய்மானம்.

எனக்கு அதை முதலில் சொன்னது மன்னார்குடியில் செயின் வண்டி ஓட்டுகிற மைத்துனன். டெல்டாவில் நெல் அறுக்கும் அந்த இயந்திரங்களிலும் எச்எஸ்டிதான். போனில் கேட்டதுமே சொன்னான்: “சூடானப்புறம் இழுவை போகுதுன்னா பம்பு உள்ள தேஞ்சிருக்கு அத்தான். ஆயிலை வெள்ளைத் தாள்ல விட்டுப் பாருங்க. பால் மாதிரி இருந்தா தண்ணி. மினுமினுன்னு இருந்தா பித்தளை.” விட்டுப் பார்த்தேன். மினுமினுத்தது.

அவன் சொன்னதற்கான காரணம் எளிது. எச்எஸ்டிக்குள் ஒரு பம்ப், ஒரு மோட்டார். எஞ்சின் பம்பைச் சுற்றுகிறது, பம்ப் ஆயிலை அழுத்தித் தள்ளுகிறது, அந்த ஆயில் மோட்டாரைச் சுற்றிச் சக்கரத்தை ஓட்டுகிறது. பம்புக்குள் வட்டமாக நிற்கும் பிஸ்டன்கள் ஒரு சாய்தட்டின் மேல் வழுக்கிக்கொண்டு ஓடுகின்றன. நாம் பெடலை மிதிக்கும்போது அந்தத் தட்டின் சாய்வுதான் மாறுகிறது. பாகங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி தலைமுடிப் பருமனில் சிறு பங்குதான். தேய்ந்து அந்த இடைவெளி கூடிவிட்டால் ஆயில் சக்கரத்துக்குப் போகாமல் உள்ளுக்குள்ளேயே கசிகிறது. குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருப்பதால் சமாளிக்கும். சூடேறி நீர்த்துப்போனதும் கசிவு கூடி வண்டி நின்றுவிடும். இந்தப் பம்புக்கு ஆயில் ஊட்டும் சின்னப் பம்பான சார்ஜ் பம்பின் அழுத்தத்தைக் கேஜ் மாட்டிப் பார்த்தோம். குளிரில் சரியாக இருந்தது, சூடானதும் மேனுவலில் சொன்ன அளவில் பாதிக்கு இறங்கியது. சந்தேகம் தீர்ந்தது.

வண்டியைப் புதிதாக வாங்கியவர்கள் இந்தக் கட்டுரையை இங்கே நிறுத்திவிட்டு வாரண்டித் தாளை எடுங்கள். உதாரணத்துக்கு ஜான் டீரே தன் காம்பேக்ட் டிராக்டர்களின் எஞ்சினுக்கும் டிரான்ஸ்மிஷனுக்கும் 6 வருடம் அல்லது 2000 மணி நேரம் தருகிறது. வேறு கம்பெனி ஆயில் ஊற்றினீர்கள் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை ரத்து செய்ய முடியாது. 1975-இல் வந்த மேக்னசன்–மாஸ் சட்டம் அதைத் தடுக்கிறது. அந்த ஆயிலால்தான் கெட்டது என்று அவர்கள் காட்ட வேண்டும். ஆனால் ஃபில்டரையே மாற்றவில்லை என்றால் அந்தச் சட்டம் துணைக்கு வராது. என் வண்டியில் முதல் 50 மணி நேர ஃபில்டர் மாற்றத்துக்கு ரசீது எதுவும் முந்தைய உரிமையாளரிடம் இல்லை. டீலர் முடியாது என்றார். வாக்குவாதம் செய்ய என் கையிலும் ஒன்றும் இல்லை.

அதே டீலர் புதிய யூனிட்டுக்குக் கூலியோடு சேர்த்து 6,100 டாலர் சொன்னார். பாகத்துக்கு ஒரு வருட வாரண்டி, மூன்று வாரத்தில் முடித்துத் தருவதாகப் பேச்சு. வேலை நெருக்கடியில் இருப்பவர்களுக்கு இது நல்ல வழிதான். எனக்கும் அதில் ஒரு நிம்மதி தெரிந்தது. பழையதை அப்படியே கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதை மாட்டினால் சந்தேகமே இருக்காதே என்று தோன்றியது. பிறகு ஒரு கேள்வி கேட்டேன்: “உள்ளே இருக்கிற பித்தளைத் தூளை என்ன செய்வீர்கள்?” ஆயிலை வடித்துவிட்டு, புது ஃபில்டர் போட்டு, புது ஆயில் நிரப்புவோம் என்றார். அந்தப் பதில்தான் என் முடிவைத் தீர்மானித்தது.

ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் முக்கியம். காம்பேக்ட் டிராக்டர்களில் பெரும்பாலும் எச்எஸ்டி, பின் அச்சு, முன்னால் உள்ள லோடர், பின்னால் கருவியைத் தூக்கும் கைகள் எல்லாமே ஒரே ஆயிலைத்தான் பகிர்ந்துகொள்கின்றன. என் வண்டியில் அது சுமார் 6 கேலன். பம்ப் தேய்ந்து உதிர்த்த தூள் எச்எஸ்டியோடு நிற்பதில்லை. பின் அச்சுக் கூட்டின் அடியில் சேறாகப் படிகிறது. லோடர் சிலிண்டர்களுக்குள்ளும் குழாய்களுக்குள்ளும் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஆயிலை வடித்தால் அடியில் ஒட்டிய படிவு முழுதாக வராது, சிலிண்டருக்குள் இருப்பது அசையவே அசையாது. நாளைக்கு லோடரைத் தூக்கி இறக்கும்போது அது தொட்டிக்குத் திரும்பும். ஃபில்டர் ஓரளவு பிடிக்கும், ஆனால் அதன் கண்ணை விட நுண்ணிய தூள் புதிய பம்புக்குள் போகத்தான் செய்யும். 410 மணி நேரத்தில் போனது, இரண்டாவது முறை 200-லேயே போகலாம். இரண்டாம் யூனிட்டும் சீக்கிரம் போனது என்று புலம்புகிறவர்களிடம் பேசும்போது கூட்டைக் கழுவினார்களா, சிலிண்டர்களைத் திறந்தார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

ஆகவே புதிய யூனிட்டா, சரிசெய்த யூனிட்டா என்பதை விட யார் முழுசாகக் கழுவுவார்கள் என்பதே எனக்குப் பெரிதாகப் பட்டது. அதே வேலையை டீலர் எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தால் நான் புதிதையே போட்டிருக்கக்கூடும்.

ஹைட்ராலிக் பட்டறைக்காரர் யூனிட்டைக் கழற்றிக் கொண்டுவந்தால் பார்க்கிறேன் என்றார். கழற்றுவதற்கு டிராக்டரை நடுவே இரண்டாகப் பிரிக்க வேண்டும். நான்கு நட்டு கழற்றுகிற வேலை என்று நினைத்துவிடாதீர்கள். எஞ்சின் பாதியும் அச்சுப் பாதியும் தனித்தனியாக முட்டுக்கொடுத்து நிற்க வேண்டும், சறுக்கினால் உயிருக்கே ஆபத்து. பக்கத்தில் ஓய்வுபெற்ற டிராக்டர் மெக்கானிக் ஒருவர் இருந்தார். அவருக்குக் கூலி கொடுத்து, கூடமாட நானும் நின்று, இரண்டு வார இறுதிகளில் முடித்தோம். அப்படி ஒருவர் இல்லையென்றால் இந்த வழியைப் பரிந்துரைக்க எனக்குத் தயக்கம்தான்.

பட்டறையில் என் கண் முன்னாலேயே பிரித்தார்கள். ஆயில் போய்வரும் துளைகள் உள்ள வால்வுத் தட்டில் இசைத்தட்டுப் போல வட்ட வட்டமாகக் கீறல். பிஸ்டன்களின் காலணி போன்ற பித்தளைப் பாதங்கள் ஓரம் தேய்ந்து மழுங்கியிருந்தன. தட்டையும் சிலிண்டர் முகத்தையும் சமமாகத் தேய்த்து மெருகேற்றி, பிஸ்டன், பேரிங், சீல் எல்லாம் புதிதாகப் போட்டு, சூடான ஆயிலில் மேசை மேல் ஓட்டிச் சோதித்துத் தந்தார்கள். 1,900 டாலர். மெக்கானிக்குக் கூலி 700. ஆயில், ஃபில்டர்கள், சீல்கள், கழுவுவதற்கே தனியாக ஊற்றிக் கொட்டிய ஆயில் எல்லாம் சேர்ந்து 450. மொத்தம் 3,050 டாலர், டீலர் சொன்னதில் சரிபாதி. ஐந்து வாரம் ஆனது. அதற்குள் புல் இடுப்பளவு வளர்ந்துவிட்டது, அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பிரித்ததில் கிடைத்த பெரிய லாபம், ஏன் போயிருக்கலாம் என்று தெரிந்துகொண்டதுதான். முந்தைய உரிமையாளர் வண்டியோடு பாதி காலியான ஒரு மஞ்சள் வாளி ஆயிலும் கொடுத்திருந்தார். மேலே “303” என்று போட்டிருந்தது. 303 என்பது ஜான் டீரேயின் பழைய ஆயில் தரம். அதில் திமிங்கல எண்ணெய் சேர்ந்திருந்தது. அந்த எண்ணெய்க்கு அமெரிக்காவில் தடை வந்தபின் 1970-களிலேயே நிறுவனம் அந்தத் தரத்தைக் கைவிட்டது. பெயர் மட்டும் மலிவான வாளிகளில் பல வருடம் ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளே இன்னதுதான் இருக்க வேண்டும் என்ற விதி எதுவும் இல்லை. மிசௌரி மாநிலம் விற்பனையையே தடுத்தது, கான்சாஸ் சிட்டியில் உள்ள ஃபெடரல் நீதிமன்றத்தில் விவசாயிகள் கூட்டு வழக்கு நடத்தினார்கள். என் பம்ப் அதனால்தான் போனது என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் உங்கள் கொட்டகையில் அந்த வாளி இருந்தால் தயவுசெய்து டிராக்டரில் ஊற்றாதீர்கள். மேனுவலில் எழுதியுள்ள தரத்துக்குச் சமம் என்று தெளிவாகப் போட்ட ஆயில் மட்டும் ஊற்றுங்கள்.

என் பங்கும் இருந்தது. மேட்டில் வண்டி திணறினால் காரில் போல இன்னும் அழுத்தி மிதிப்பேன். எச்எஸ்டியில் அது நேர் எதிர். மிதிக்க மிதிக்க வேகத்தைக் கேட்கிறோம், இழுவை குறைகிறது, அழுத்தம் உச்சத்துக்குப் போய் ரிலீஃப் வால்வு திறந்து ஆயில் கொதிக்கிறது. திணறும்போது காலைக் கொஞ்சம் எடுக்க வேண்டும், சரிவில் ‘லோ’ ரேஞ்சில்தான் ஓட்ட வேண்டும். பட்டறைக்காரர் சொல்லும்வரை எனக்கு இது தெரியாது.

உடைத்து விற்கிற இடத்தில் யூனிட் 1,400 டாலருக்கு இருந்தது. எத்தனை மணி நேரம் ஓடியது, என்ன ஆயில் குடித்தது எதுவும் தெரியாது. நான் முயலவில்லை, அதனால் அதைப் பற்றி அதிகம் பேசவும் மாட்டேன். பிரித்துப் பார்க்காமல் மாட்டினால் அதே பிரிக்கும் வேலையை இரண்டு தடவை செய்ய நேரலாம் என்பது மட்டும் நிச்சயம்.

கியர் வண்டி பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். அதில் சக்தி இழப்பு குறைவு. கூபோட்டா எல்2501 மாடலையே எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரே எஞ்சின், கியர் வகையில் கருவிகளைச் சுற்றும் பின் சுழல்தண்டுக்குக் கிடைப்பது 20.5 குதிரைசக்தி, எச்எஸ்டி வகையில் 19. விலையும் குறைவு. நீளமான வயலில் உழுதுகொண்டே போகிறவருக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு கியரைத்தான் சொல்வேன். அப்பா ஊரில் ஓட்டியதும் அதுதான். என் வேலை வேறு. லோடரில் எரு அள்ளி, பின்னால் வந்து, திரும்பி, கொட்டி, ஒரு காலை நேரத்தில் நூறு தடவை முன்னும் பின்னும். அதைக் கிளட்சில் செய்தால் இடது முழங்கால் போய்விடும். மனைவியும் வண்டி ஓட்டுவார், பெடல் வண்டிதான் அவருக்குப் பிடித்திருக்கிறது. முன்னும் பின்னும் போகத் தனி நெம்புகோல் உள்ள ஷட்டில் கியர் வண்டி ஒன்றை ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன், பிடித்திருந்தது. ஒரு மணி நேர அனுபவத்தை வைத்து அதற்கு மேல் சொல்வது சரியில்லை. விலையிலும் இடித்தது. ஓடாத நிலையில் என் வண்டிக்கு 4,500 டாலர்தான் கேட்டார்கள், ஓடினால் 11,000 வரை போகும் வண்டி. விற்பதாக இருந்தாலும் சரிசெய்துவிட்டு விற்பதே மேல்.

இப்போது ஹவர் மீட்டரில் 560. சரிசெய்தபின் 150 மணி நேரம்தான் ஓடியிருக்கிறது, ஆயிரம் தாண்டுமா என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஃபில்டரை 10, 50, 100 மணி நேரத்தில் மாற்றி, ஒவ்வொன்றையும் வெட்டித் தாளை விரித்துப் பார்த்தேன். முதலாவதில் ஒரு சிட்டிகை பித்தளை. அவ்வளவு கழுவியும் லோடர் சிலிண்டர்களில் மிச்சம் இருந்திருக்கிறது. இரண்டாவதில் அங்கங்கே சில துகள்கள். மூன்றாவதில் ஒன்றும் இல்லை. போன வாரம் 35 டிகிரி வெயிலில் அதே மேற்குச் சரிவில் இரண்டு மணி நேரம் லோ ரேஞ்சில் வெட்டினேன். முனகல் இல்லாமல் ஏறியது. அடுத்த ஃபில்டரை 610-இல் வெட்டிப் பார்க்கப் போகிறேன்.