மின்மீட்டரில் ஓடும் ஸ்கூட்டர்: டி.வி.எஸ். ஐக்யூப் 2.2, ஓராண்டுச் செலவுக் கணக்கு

2024 நவம்பர் வரை எங்கள் வீட்டுச் செலவுக் குறிப்பேட்டில், வீட்டுக் கடன் தவணைக்கும் மளிகைக்கும் அடுத்தபடியாக மாதந்தவறாமல் இடம்பிடித்த வரி பெட்ரோல்தான். கோயம்புத்தூர் வடவள்ளியிலிருந்து அவிநாசி சாலையில் ஹோப் காலேஜ் அருகிலுள்ள அலுவலகத்துக்குப் போய்வர நாளொன்றுக்கு 34 கிலோமீட்டர் ஆகிறது. மாதத்துக்கு 24 வேலை நாட்கள். அவற்றுடன் சந்தை, மகளின் பாட்டு வகுப்பு, உறவினர் வீடு என்று மேலும் 140 கிலோமீட்டரைச் சேர்த்தால் மொத்தம் 960ஐ நெருங்கும். என்னுடைய பழைய 110 சிசி ஸ்கூட்டர் நகர ஓட்டத்தில் லிட்டருக்கு 43 கிலோமீட்டர் கொடுத்தது. லிட்டர் 101 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 2,250 ரூபாய், அதாவது கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 35 காசு, பங்கில் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது.

பெட்ரோல் விலை நாள்தோறும் மாறும் என்று 2017 ஜூனில் அறிவித்தார்கள். ஆனால் 2022 மே மாதம் கலால் வரி குறைக்கப்பட்டதற்குப் பிறகு, 2024 மார்ச்சில் இரண்டு ரூபாய் இறங்கியதைத் தவிர, பங்கின் விலைப் பலகை ஏறத்தாழ அப்படியே நின்றது. ஆகவே நான் வண்டியை மாற்றியதற்கு விலையேற்றம் காரணமன்று. ஏறாத விலையிலேயே ஆண்டுக்கு 27,000 ரூபாய் போகிறது என்பதை ஒருநாள் கூட்டிப் பார்த்ததுதான் காரணம்.

வாங்கியது டி.வி.எஸ். ஐக்யூப் வரிசையில் சிறியதான 2.2 கிலோவாட் மணி (அதாவது 2.2 யூனிட்) பேட்டரி கொண்ட வண்டி. ஓசூரில் தயாராவது. அப்போது ஒன்றிய அரசின் பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் கிலோவாட் மணிக்கு 5,000 ரூபாய் என்ற கணக்கில், உச்சவரம்பாக 10,000 ரூபாய் மானியம் இருந்தது. தமிழ்நாட்டில் மின்வாகனங்களுக்குச் சாலை வரியும் கிடையாது. இவையெல்லாம் கழிந்தபின் நான் கொடுத்த தொகை, அதே தரத்திலான ஒரு பெட்ரோல் ஸ்கூட்டரின் விலையைவிடச் சுமார் 12,000 ரூபாய் கூடுதலாக இருந்தது. மானியம் 2025 ஏப்ரலில் பாதியாகக் குறைந்துவிட்டதால், அதற்குப் பின் வாங்கியவர்களுக்கு இந்த இடைவெளி சற்று அகலமாகவே இருந்திருக்கும்.

ஒரு முழு சார்ஜில் 75 கிலோமீட்டர் என்பது நிறுவனத்தின் கணக்கு. என் எடை, என் சாலை, என் வேகம் ஆகியவற்றோடு சராசரியாக 64 கிடைக்கிறது. நிதானமாக ஓட்டிய நாட்களில் 70ஐத் தொட்டதும் உண்டு. வண்டியின் திரை காட்டும் எண்ணை நம்பிச் செலவைக் கணக்கிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. சுவரிலிருந்து வெளியேறும் மின்சாரம் முழுவதும் பேட்டரிக்குள் போய்ச் சேருவதில்லை, ஒரு பகுதி சார்ஜரிலேயே சூடாகக் கரைந்துவிடுகிறது. நாம் காசு கொடுப்பதோ சுவரிலிருந்து வெளியேறியதற்கு. எனவே பிளக்கில் பொருத்தும் சிறிய மின்மீட்டர் ஒன்றை வாங்கி வைத்து ஓராண்டு குறித்துவந்தேன். நூறு கிலோமீட்டர் ஓட எனக்கு நான்கு யூனிட் செலவாகிறது. மாதம் 38 யூனிட்டுக்குச் சற்று மேல். இரண்டு மாத மின் கணக்கெடுப்புக்கு 77 யூனிட்.

அந்த 77 யூனிட்டுக்கு என்ன விலை என்ற கேள்விக்குத்தான் நேரான பதில் இல்லை. விற்பனையகத்தில் சொல்வதுபோல் 'யூனிட் ஐந்து ரூபாய், கிலோமீட்டர் இருபது காசு' என்று கணக்கை முடித்துவிட்டால், தமிழ்நாட்டு மின் கட்டண அட்டையைத் திறந்தே பார்க்கவில்லை என்றுதான் பொருள். இங்கே யூனிட்டுக்கு ஒரே விலை கிடையாது. ஏற்கெனவே வீட்டில் எவ்வளவு எரிந்திருக்கிறது என்பதைப் பொறுத்து, அதற்கு மேல் ஸ்கூட்டர் குடிக்கும் யூனிட்டின் விலை மாறுகிறது. 2024 ஜூலைத் திருத்தத்துக்குப் பின் வீடுகள் செலுத்தியது இப்படி: இரண்டு மாதங்களுக்கு 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் நூறு இலவசம், அடுத்த நூறு 2 ரூபாய் 35 காசு, 201 முதல் 400 வரை 4 ரூபாய் 70 காசு, அதற்கு மேல் 500 வரை 6 ரூபாய் 30 காசு. 500ஐத் தாண்டிவிட்டால் அந்த இரண்டாவது நூறுக்கான சலுகை பறிபோய் அதற்கும் 4 ரூபாய் 70 காசு ஆகிவிடுகிறது. தாண்டிய யூனிட்டுகளுக்கோ 8 ரூபாய் 40 காசு. 2025 ஜூலையில் கட்டணம் உயர்ந்தபோது வீடுகளுக்கான உயர்வை அரசே ஏற்றுக்கொண்டதால், நான் குறித்துவந்த காலம் முழுவதும் இதே விலைதான்.

எங்கள் வீட்டில் ஐப்பசி முதல் மாசி வரை இரண்டு மாதங்களுக்கு 420 யூனிட் எரியும். அதன்மேல் ஸ்கூட்டரின் 77ஐ ஏற்றினால் 497. நூலிழையில் எல்லைக்குள் நிற்கிறது. அந்த 77 யூனிட்டும் 6 ரூபாய் 30 காசு அடுக்கிலேயே விழுவதால் கூடுதல் தொகை 485 ரூபாய், மாதத்துக்குச் சுமார் 243. கோடையில் ஏ.சி. ஓடத் தொடங்கியதும் வீட்டுக் கணக்கு மட்டும் 470ஐ எட்டிவிடுகிறது. ஸ்கூட்டரோடு சேர்ந்து 547. இப்போது அதே 77 யூனிட்டின் பொருட்டு நான் கூடுதலாகச் செலுத்துவது 819 ரூபாய். அதில் 235 ரூபாய், வண்டி குடித்த மின்சாரத்துக்கே அன்று, கோட்டைத் தாண்டிய குற்றத்துக்காக இழந்த பழைய சலுகை. கணக்கில் ஆர்வமுள்ளவர்கள் இதையும் போட்டுப் பார்க்கலாம்: 500 யூனிட்டுக்குக் கட்டணம் 1,805 ரூபாய், 501 யூனிட்டுக்கு 2,048 ரூபாய் 40 காசு. அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய். என் பழைய வண்டியில் அந்தக் காசுக்கு நூறு கிலோமீட்டர் போயிருப்பேன்.

இதனால் வீட்டில் ஒரு புதுப் பழக்கம் வந்திருக்கிறது. கணக்கெடுப்பு நாளுக்குப் பத்து நாட்களுக்கு முன்பு என் மனைவி மீட்டரைப் பார்த்துவிட்டு வருவார். எண் 460ஐத் தாண்டியிருந்தால் துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் எனக்கும் எச்சரிக்கை வரும். கணக்கெடுப்பு இரண்டு மூன்று நாள் தள்ளிப்போனாலும் எங்களைப்போல் விளிம்பில் நிற்கும் வீடுகளுக்கு அது ஒரு தாண்டல்தான். பெட்ரோல் பங்கில் நிற்கும்போது இந்தத் தவிப்பு ஒருபோதும் இருந்ததில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

எனினும் ஆண்டு முழுவதற்கும் கூட்டினால், எல்லைக்குள் நின்ற நான்கு கணக்கெடுப்புகளுக்கும் தாண்டிய இரண்டுக்குமாகச் சேர்ந்து 3,578 ரூபாய். கிலோமீட்டருக்கு 31 காசு. ஏற்கெனவே 600, 700 யூனிட் எரிக்கும் வீடாக இருந்தால் ஸ்கூட்டரின் ஒவ்வொரு யூனிட்டும் 9 ரூபாய் 45 காசு அடுக்கிலேயே விழும். அப்போதும் கிலோமீட்டர் 38 காசைத் தாண்டாது. இருநூறு யூனிட்டுக்குள் வாழும் சிறிய குடும்பத்துக்கோ 20 காசுக்குள் முடிந்துவிடும். வண்டி ஒன்றுதான், சாலை ஒன்றுதான். வீட்டுக்கு வீடு எரிபொருள் விலை மட்டும் இரண்டு மடங்கும் அதற்கு மேலும் வேறுபடுகிறது. ஆகவே இந்த வண்டியை வாங்க நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது விற்பனையகத்தின் விளம்பரத் தாளை அன்று, தம் வீட்டின் கடந்த ஆறு மின் கட்டண ரசீதுகளை.

ஓட்டத்தைப் பொறுத்தவரை, பெட்ரோல் வண்டியில் பழகிய கணக்குகள் இதில் தலைகீழாகின்றன. லாலி சாலைச் சந்திப்பிலும் ஆர்.எஸ். புரத்திலும் நின்று நின்று ஊர்ந்த நாட்களில்தான் பழைய வண்டி அதிகமாகக் குடிக்கும். ஐக்யூப் நிற்கும்போது மோட்டாருக்கு மின்சாரம் எடுப்பதில்லை. வேகம் குறையும்போது ஓரளவு மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பியும் தருகிறது. அதனால் நெரிசல் நாளில்தான் எனக்கு அதிகத் தூரம் கிடைக்கிறது. மாறாக, 2025 அக்டோபரில் அவிநாசி சாலையின் மீது 10.1 கிலோமீட்டர் நீள ஜி.டி. நாயுடு மேம்பாலம் திறக்கப்பட்டதும், நேரம் மிச்சமானது, மின்சாரம் கூடியது. தடையில்லாத பாலத்தில் கை தானாக முறுக்கி 65 கிலோமீட்டர் வேகத்துக்குப் போய்விடுகிறது. வேகம் ஏற ஏற எதிர்க்காற்றின் தடை அதைவிட விரைவாக ஏறுவதால், பாலத்தில் போய்வரும் நாட்களில் முழு சார்ஜுக்கு 58 கிலோமீட்டர்தான் வருகிறது. பாலத்தைத் தவிர்த்துக் கீழ்ச்சாலையில் போனால் மாதம் முப்பது ரூபாய்கூட மிஞ்சாது என்பதால் நான் பாலத்தையே தேர்ந்துகொண்டேன்.

மருதமலைக்கு ஏறுவதைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். இருவராக ஏறினாலும் திணறுவதில்லை. ஏறும்போது திரையில் சதவீதம் மளமளவென்று இறங்குவதைப் பார்த்து முதல் முறை எனக்கு வயிற்றைக் கலக்கியது. இறங்கும்போது அதில் ஒரு சிறு பகுதி திரும்பி வந்தது. சத்தமின்மை முதல் வாரம் இன்பமாகவும் பிறகு கவலையாகவும் இருக்கிறது, ஏனெனில் சந்தைத் தெருவில் நடப்பவர்களுக்கு நாம் வருவது காதில் விழுவதில்லை. இருக்கைக்கடியில் ஒரு வாரக் காய்கறி அடங்கும். கால் வைக்கும் இடம் சமதளமாக இருப்பதால் அரிசி மூட்டையும் ஏறும்.

சார்ஜ் செய்வதற்கு வீட்டில் தனி ஏற்பாடு தேவையில்லை, சாதாரண பிளக் போதும்; இரவுச் சாப்பாட்டுக்குப் பின் செருகினால் தூங்கப்போகும்முன் பெரும்பாலும் நிறைந்துவிடும். ஆனால் அந்த பிளக் வண்டி நிற்கும் இடத்தில் இருக்க வேண்டும். எங்கள் வீடு இரண்டாம் மாடியில் இருக்கிறது. குடியிருப்பின் பொது இணைப்பிலிருந்து எடுக்கலாம் என்றால் அதற்குக் கட்டணம் வேறு, இலவச நூறு யூனிட்டும் அங்கே கிடையாது. தவிர, மற்றவர் பணத்தில் ஓட்டுகிறேன் என்ற பேச்சும் வரும். என் சொந்த மீட்டரிலிருந்து தரைத்தளத்துக்குக் கம்பி இழுத்துப் பூட்டுடன் கூடிய பெட்டி வைக்கச் சங்கத்தின் மூன்று கூட்டங்களும், மின்பணியாளருக்கு 3,800 ரூபாயும் ஆயின. வாடகை வீட்டில் இருப்பவர் இந்தத் தொகையையும், அதைவிட முக்கியமாக வீட்டுக்காரரின் சம்மதத்தையும், வண்டியின் விலையோடு சேர்த்து எண்ண வேண்டும்.

இந்தச் சிறிய பேட்டரியின் குறை வெளியூரில் தெரிகிறது. பொள்ளாச்சிக்குப் போகலாம், திரும்ப முடியாது. வழியில் கார்களுக்கான சார்ஜ் நிலையங்கள் கண்ணில் படுகின்றன. அவற்றின் செருகி இந்த வண்டிக்குப் பொருந்தாது. ஒருமுறை உறவினர் வீட்டுத் திண்ணையில் சார்ஜரைச் செருகிவிட்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். விருந்து நன்றாக இருந்தது என்றாலும், இதைப் பயண முறையாகப் பரிந்துரைக்க இயலாது. அன்றாடத் தூரம் 34 என்பதிலும் ஒரு சங்கடம் உண்டு: இரண்டு நாளுக்கு 68 ஆகிறது, சார்ஜ் 64க்கு வருகிறது, ஆகவே ஒருநாள் விட்டு ஒருநாள் செருகும் வசதி நான்கு கிலோமீட்டரில் தவறிப்போகிறது. நாளொன்றுக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் ஓடுபவர்கள் இதே வரிசையில் அடுத்த பெரிய பேட்டரியை எடுப்பதே நல்லது. 25க்குள் ஓடுபவர்களுக்கு இது தாராளம்.

பராமரிப்பில் ஆயில் மாற்றும் செலவு இல்லை. மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம் மின்வாகனங்களுக்கு 15 சதவீதம் குறைவு. பேட்டரி என்றைக்கேனும் மாற்றவேண்டி வரும் என்பதால், மிச்சமாகும் தொகையிலிருந்து மாதம் 500 ரூபாயை அஞ்சலகத் தொடர் வைப்பில் போட்டுவருகிறேன். அதை எரிபொருள் செலவாகவே எழுதிக்கொள்கிறேன். அப்படி எழுதும்போது மின்சாரமும் பேட்டரிச் சேமிப்பும் சேர்ந்து சராசரியாக மாதம் 800 ரூபாய் ஆகிறது.

பழைய ஸ்கூட்டரை இன்னும் விற்கவில்லை. பொள்ளாச்சிக்கும் அன்னூருக்கும் போகும் நாட்களுக்கென்று நிறுத்தி வைத்திருக்கிறேன். மாதம் மூன்று லிட்டர் குடிக்கிறது, காப்பீடு தனியாகப் போகிறது, வாரக்கணக்கில் நின்றுவிட்டால் பேட்டரி இறங்கிக் கிக்கரை உதைக்க வைக்கிறது. மனைவிக்கு நகரப் பேருந்தில் கட்டணம் இல்லாததால் அந்த வண்டியைத் தொடுவதில்லை. இந்த மூன்று லிட்டரையும் சேர்த்தால் என் மாதக் கணக்கு 1,100 ரூபாயில் நிற்கிறது. மகள் தை மாதத்தில் ஓட்டுநர் உரிமம் எடுக்கப் போகிறாள். எந்த வண்டி தனக்கு என்று அவள் இன்னும் சொல்லவில்லை. இருவரும் மின்சாரத்தில் ஓடினால் எங்கள் மீட்டர் பனிக்காலத்திலேயே 500ஐத் தாண்டிவிடும்.