‘செட்டிநாட்டில் கலை கற்றால் 6 கிரெடிட்’ என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்

வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கும், நம் பக்கம் பட்டறை, தறி, பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். இப்படிச் சொல்லி எங்கள் வீட்டுப் பிள்ளையிடம் பணம் வாங்கிய பயணக் கம்பெனி, வரும் டிசம்பர் விடுமுறைக்கு ஆள் சேர்க்கும் வேலையை மறுபடியும் ஆரம்பித்துவிட்டது. அதனால் பதிவு நீளமாக இருந்தாலும் முழுதாகப் படித்துவிடுங்கள்.

என் அண்ணன் குடும்பம் நியூ ஜெர்சியில் இருக்கிறது. அண்ணன் மகள் அங்கே ஒரு கல்லூரியில் ஓவியத்தையும் கைவினையையும் முதன்மைப் பாடமாக எடுத்து மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். அமெரிக்காவில் பட்டத்துக்குப் பொதுவாக 120 கிரெடிட் (படித்து முடித்த பாடத்துக்குக் கல்லூரி தரும் மதிப்பு அலகு) சேர்க்க வேண்டும். அதில் கொஞ்சத்தை வெளிநாட்டில் போய்ப் படித்துச் சேர்க்க அனுமதி உண்டு. நல்ல ஏற்பாடுதான், நான் குறை சொல்லவில்லை. போன வருஷம் அவளுக்கு ஒரு கம்பெனியின் விளம்பரம் கண்ணில் பட்டது. செட்டிநாட்டில் நான்கு வாரம், சுயபடிப்பு முறையில் கலைப் பயிற்சி, 6 கிரெடிட், கட்டணம் 4,800 டாலர், விமானச் செலவு தனி. ஆத்தங்குடி டைல், கண்டாங்கி நெசவு, பனையோலைக் கொட்டான், கானாடுகாத்தான் வீடுகளை வரைவது என்று பட்டியல் அழகாக இருந்தது. தாத்தா ஊரிலேயே உட்கார்ந்து படித்து கிரெடிட்டும் வாங்கலாம் என்றால் எந்தப் பிள்ளைதான் வேண்டாம் என்று சொல்லும்? கிரெடிட் பற்றி அவள் கேட்டதற்கு, அது தானாக உன் கல்லூரிக் கணக்கில் ஏறிவிடும் என்று மின்னஞ்சலில் பதில் கொடுத்திருக்கிறார்கள். அது முழுப் பொய்.

எட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். ஒருங்கிணைப்பாளர் என்று வந்தவருக்கு டைலும் தெரியாது, தறியும் தெரியாது. வேன் பிடித்துக் கொடுப்பதுதான் அவர் வேலை. ஆத்தங்குடியில் முதல் நாள் நடந்தது, சுற்றுலா வேனில் வந்து இறங்குகிறவர்களுக்குக் காட்டுகிற அரை மணி நேர வேடிக்கை. ஆளுக்கு ஒரு டைல் ஊற்றினார்கள், போட்டோ எடுத்தார்கள், கிளம்பிவிட்டார்கள்.

அந்த வேலை அரை மணியில் பிடிபடுவதா? கண்ணாடிப் பலகையின் மேல் அச்சை வைத்து, அதன் ஒவ்வொரு கட்டத்திலும் சாயம் கலந்த சிமெண்ட் கரைசலைக் கரண்டியால் ஊற்ற வேண்டும். ஒரு நிறம் இன்னொன்றோடு கலக்காமல் அச்சைத் தூக்க வேண்டும். அப்புறம் சிமெண்ட்டும் மணலும் தூவி, கலவை போட்டு, மட்டம் தட்ட வேண்டும். சூளையில் சுடுவது கிடையாது. காயவைத்து, தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, திரும்பக் காயவைத்தால்தான் கல் இறுகும். கண்ணாடி கழன்று வரும்போதுதான் பளபளப்பும் தெரியும், கை நடுங்கிய இடமும் தெரியும். இன்று ஊற்றிய டைலில் என்ன பிழை என்பது நாலைந்து நாள் கழித்துத்தான் தெரியும். ஆகவே தினமும் அங்கேயே கிடக்கிறவர்களுக்குத்தான் அந்தத் தொழில் வரும்.

நிகழ்ச்சி நிரலில் வாரத்துக்கு மூன்று முறைதான் வெளியே போவது. அதிலும் பாதி நாள் வேன் வராது. “அத்தை, இன்னிக்கும் யாரும் வரல. நானே ஆத்தங்குடிக்குப் போகட்டுமா?” என்று அண்ணன் மகள் எனக்குப் போன் பண்ணுவாள். அப்புறம் தினமும் டவுன் பஸ் ஏறி அவளாகவே பட்டறைக்குப் போய் உட்கார ஆரம்பித்தாள். அங்கிருந்த பெரியவர் அவளை விரட்டவில்லை. சாயம் கரைக்கவும் அச்சுத் தூக்கவும் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். அவள் கற்றுக்கொண்டதெல்லாம் அவரிடம்தான், கம்பெனிக்கு அதில் ஒரு பங்கும் இல்லை. கண்டாங்கி நெசவுக்கு ஒரு நாள் தறியைச் சுற்றி நின்று பார்த்ததோடு சரி. கொட்டானுக்கு ஒரு மதியம். கானாடுகாத்தான் வீடுகளுக்குள் நுழையக் கட்டணத்தைப் பிள்ளைகள் தலையிலேயே கட்டினார்கள். கடைசி வாரம் பொங்கல். பட்டறையும் பூட்டு, தறியும் ஓய்வு. அந்த வாரத்துக்கு நிரலில் ‘முழுநேரப் பட்டறைப் பயிற்சி’ என்று போட்டிருந்தார்கள். தை மாதம் ஒன்றாம் தேதி இந்த ஊரில் எவர் வேலை செய்வார் என்று ஒரு ஆளைக்கூடக் கேட்கவில்லை.

கிளம்பும் நாளில் ஆளுக்கொரு சான்றிதழ் கொடுத்தார்கள். கூடவே பயிற்சி நேரக் கணக்கு ஒன்று, அடியில் பட்டறைப் பெரியவரின் கையெழுத்து. ஒவ்வொரு பிள்ளைக்கும் அவர் 270 மணி நேரம் சொல்லிக் கொடுத்ததாக அதில் இருந்தது.

270 எங்கிருந்து வந்தது தெரியுமா? அமெரிக்க அரசின் வரையறைப்படி ஒரு செமஸ்டர் கிரெடிட் என்பது சுமார் 15 வாரத்துக்கு, வாரம் ஒரு மணி வகுப்பும் இரண்டு மணி சொந்த வேலையும். கூட்டினால் 45 மணி. ஆறு கிரெடிட்டுக்கு 270. முதலில் 6 கிரெடிட் என்று விற்றுவிட்டு, அதற்குத் தோதாக மணிக்கணக்கைப் பின்னால் எழுதிக்கொண்டார்கள். நான்கு வாரத்தில் 270 மணி என்றால் வாரத்துக்கு 67 மணிக்கு மேல். ஞாயிற்றுக்கிழமையும் பொங்கலும் சேர்த்து, ஒரு நாள் விடாமல் ஒன்பதரை மணிக்கு மேல் வேலை செய்தால்தான் அது வரும்.

பெரியவரிடம் போய்க் கேட்டேன். நான் பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருந்தவள், அவருடைய பேரனுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். “டீச்சர், இங்கிலீஷ்ல இருந்துச்சு. பிள்ளைங்க வந்துட்டுப் போனதுக்கு அத்தாட்சின்னு சொன்னாங்க. கட்டமெல்லாம் காலியாத்தான் இருந்துச்சு” என்றார். எட்டுத் தாளிலும் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். பேசிய கூலியில் ஆரம்பத்தில் கொடுத்த முன்பணம் தவிர ஒரு பைசா வரவில்லை. ஆனால் கம்பெனி விளம்பரத்தில் அவர் படம் இன்றும் இருக்கிறது, ‘எங்கள் ஆசிரியர்’ என்று. தலைமுறையாகச் சாயத்தில் கை வைத்து வந்த மனிதரை முகப்பில் நிறுத்திக் காசு பார்த்துவிட்டு, அவர் கூலியையும் ஏமாற்றியிருக்கிறார்கள். என்னால் இதைத்தான் பொறுக்க முடியவில்லை.

பிப்ரவரியில் அண்ணன் மகள் தாள்களைக் கல்லூரிப் பதிவாளர் அலுவலகத்தில் கொடுத்தாள். அவர்கள் கேட்டது இரண்டே விஷயம். இந்தக் கிரெடிட்டை எந்த அங்கீகாரம் பெற்ற கல்லூரி தன் டிரான்ஸ்கிரிப்டில் (அதிகாரபூர்வ மதிப்பெண் பட்டியலில்) போட்டுத் தருகிறது? இல்லையென்றால், போகும் முன்பு நம் கல்லூரியில் எந்தப் பேராசிரியர் இதைத் தன் மேற்பார்வையில் இண்டிபெண்டன்ட் ஸ்டடியாக (சுயபடிப்பாக) பதிவு செய்தார்? இரண்டுக்கும் பதில் இல்லை. சான்றிதழில் கம்பெனி 6 கிரெடிட்டைப் ‘பரிந்துரை’ செய்திருந்தது. அந்தப் பரிந்துரை எந்தக் கல்லூரியையும் கட்டுப்படுத்தாது. அவள் செய்த டைல்களையும் நோட்டையும் பார்த்து அவளுடைய பேராசிரியர் மனதாரப் பாராட்டினார். ஆனால் முடிந்துபோன படிப்பைப் பின்தேதியிட்டுப் பதிவு செய்ய அந்தக் கல்லூரியில் வழியில்லை. இப்போது கோடையில் காசு கட்டி வேறு பாடங்கள் எடுத்து அந்த ஆறை நிரப்புகிறாள்.

நேர்மையாக நடத்துகிறவர்களும் நிறைய இருக்கிறார்கள். அவர்களும் கல்லூரி அல்ல, வெளி அமைப்புதான். ஆனால் ஏதாவது ஒரு அங்கீகாரம் பெற்ற கல்லூரியோடு ஒப்பந்தம் போட்டிருப்பார்கள். பாடத்திட்டத்தை அந்தக் கல்லூரி பார்த்து ஒப்புக்கொள்ளும், கிரேடு போட்டு டிரான்ஸ்கிரிப்ட் அனுப்பும். அதன் பெயரைக் கேட்டால் முதல் கடிதத்திலேயே சொல்லிவிடுவார்கள். அமெரிக்கக் கல்வித்துறை அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளின் பட்டியலை இணையத்தில் வைத்திருக்கிறது, ஐந்து நிமிடத்தில் சரிபார்த்துவிடலாம். அந்தக் கல்லூரியின் அலுவலகத்துக்கே எழுதி, ஒப்பந்தம் உண்மையா என்றும் கேளுங்கள். இரண்டாவது வழி சொந்தக் கல்லூரியிலேயே இண்டிபெண்டன்ட் ஸ்டடி. பேராசிரியர் ஒருவர் ஒப்புக்கொண்டு, என்ன படிப்பது, எத்தனை மணி நேரம், கடைசியில் என்ன ஒப்படைப்பது, யார் கிரேடு போடுவது என்பதை எழுதிக் கையெழுத்திட வேண்டும். அது பயணச்சீட்டு எடுப்பதற்கு முன் நடக்க வேண்டியது. இந்த இரண்டு வழியும் இல்லாமல், வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் பணம் அனுப்பாதீர்கள். கல்விக் கடனோ அரசு உதவித்தொகையோ இதற்குப் பயன்படுமா என்பதையும் சொந்தக் கல்லூரியின் நிதியுதவி அலுவலகம்தான் சொல்ல முடியும்.

விசா விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பிள்ளைக்கு ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) உண்டு. மற்ற பிள்ளைகளை இ-டூரிஸ்ட் விசாவில் வரச் சொல்லியிருக்கிறார்கள். அந்த விசாவில் வந்து கைவினையும் இசையும் கொஞ்ச காலம் கற்றுக்கொள்ளலாம்தான். ஆனால் அது முறையான பாடத்திட்டம் உள்ள படிப்பாக இருக்கக் கூடாது, தகுதிச் சான்றிதழோ பட்டயமோ தரக் கூடாது என்பது விதி. கிரெடிட் தருகிற படிப்பு என்று விற்றுவிட்டு அந்த விசாவில் வரச் சொன்னால், இரண்டில் ஒன்று பொய்.

பணத்தில் டிசம்பரில் கிரெடிட் கார்டில் கட்டிய கடைசித் தவணை மட்டும் திரும்பி வந்தது. அங்கே கார்டு பில் வந்த 60 நாளுக்குள், சொன்ன சேவை கிடைக்கவில்லை என்று எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். அண்ணன் அதைச் செய்தார். செப்டம்பரில் வங்கிக் கணக்கிலிருந்து நேராக அனுப்பிய பெரிய தொகைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. வங்கி மூலம் அனுப்பினால் தள்ளுபடி என்று கம்பெனிதான் ஆசை காட்டியது.

இதே ஆட்கள் இப்போது காரைக்குடி, மதுரைக் கல்லூரிப் பிள்ளைகளிடம் ஐரோப்பா கலைப் பயணம் என்று வருகிறார்கள். கிரெடிட் உங்கள் ஏபிசி கணக்கில் (இந்திய மாணவர்களின் கிரெடிட்டைச் சேர்த்து வைக்கும் அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ்) ஏறும் என்கிறார்களாம். 2021-ல் வந்த அந்தக் கிரெடிட் வங்கியில், பதிவு செய்த கல்வி நிறுவனம்தான் கிரெடிட்டை ஏற்ற முடியும். பயணக் கம்பெனியால் முடியாது. உங்கள் கல்லூரித் துறைத்தலைவரிடம் எழுத்தில் ஒப்புதல் கேளுங்கள். ரசீதையும் பாருங்கள். படிப்புக்கு வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்துக்கு வருடம் 10 லட்சம் வரை டிசிஎஸ் (பணம் வாங்கும்போதே பிடித்துக்கொள்ளும் வரி) கிடையாது. வெளிநாட்டுச் சுற்றுலாப் பேக்கேஜுக்கு முதல் ரூபாயிலிருந்தே பிடிப்பார்கள். 10 லட்சத்துக்குள் உள்ள தொகைக்கே ரசீதில் டிசிஎஸ் பிடித்திருந்தால், அவர்கள் கணக்கில் உங்கள் பிள்ளை போவது சுற்றுலாவுக்குத்தான்.

பட்டறைக்காரர்களுக்கும் நெசவாளர்களுக்கும்: ஆங்கிலத் தாளில், அதுவும் கட்டங்கள் காலியாக இருக்கும்போது கையெழுத்துப் போடாதீர்கள். தமிழில் ஒரு நகல் கேளுங்கள். கூலியை வாரா வாரம் வாங்கிவிடுங்கள். படம் எடுத்து விளம்பரத்தில் போடுவதற்கு முன் உங்கள் சம்மதம் வேண்டும் என்று முதலிலேயே சொல்லுங்கள்.

பெரியவரின் கூலி பாக்கிக்கும் அந்த எட்டுத் தாளுக்கும் சேர்த்துப் புகார் எழுதிக்கொண்டிருக்கிறோம். பிள்ளைகளில் ஐந்து பேர் தங்கள் தாள்களின் நகலை அனுப்பிவிட்டார்கள். பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் இந்தக் கம்பெனிக்கு வீடோ வேனோ வாடகைக்குக் கொடுத்துப் பணம் வராமல் இருப்பவர்கள் வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். புகாரில் உங்கள் பெயரையும் சேர்த்துக்கொள்கிறோம்.